நுணுக்குக்காட்டியும் தசையிழையமும்

தெஹிவளைக் கரையில் வள்ளத்தை ஏற்றும் கடற்றொழிலாளியின் தோளில் நாம் காணும் ஆற்றல் வன்கூட்டுத்தசையின் சுருக்கமே. இது வரியுடையது, விருப்பப்படி இயங்குவது. இதயத்தசை வரியுடையதாயினும் விருப்புக்கு அடங்காது. குடற்சுவரின் மழமழப்பான தசைக்கு வரியுமில்லை, அது விருப்புக்கு அடங்குவதுமில்லை.

பார்வைவில்லை, பொருள்வில்லை, மேடை, ஒடுக்கி என்பவற்றையுடைய ஒளி நுணுக்குக்காட்டி இவ்வரிகளைக் காட்டிற்று. அவற்றின் தொழிலை விளக்கவில்லை. சாயமேற்றாத தசைநாரையும் தெளிவுறக் காட்டும் புதுவகை ஒளி நுணுக்குக்காட்டிகளின் துணையுடன், 1954இல், அன்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கெர்க்கேயும் ஒருபுறமும், ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் மறுபுறமும் ஒரே முடிவுக்கு வந்தனர்: தசை சுருங்குகையில் அதன் நுண்ணிழைகள் குறுகுவதில்லை, ஒன்றினூடாக ஒன்று வழுக்குகின்றன. பின்னர் இலத்திரன் நுணுக்குக்காட்டி அதனை உறுதிசெய்தது.

கருவி வளர அறிவு வளர்ந்தது. அக்கருவியை ஆக்கியதும் உழைக்கும் கையே. மானிப்பாயில் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். ஆதலின், தன் தசையின் அறிவியலைத் தன் மொழியிற் பெறுதல் அத்தொழிலாளியின் உரிமை என்போம்.