காற்றுத் துவக்கின் வலுவும் வரம்பும்

கொக்குவில் என்னும் ஊர்ப் பெயரைக் கேட்பவர், கொக்கையும் அதனைக் குறிபார்க்கும் வில்லையும் ஒருங்கே எண்ணுவது இயல்பு. ஆனால் இணுவில், கோண்டாவில், மந்துவில், நுணாவில் முதலிய யாழ்ப்பாணத்து ஊர்ப் பெயர்களின் ஈற்றிலே நிற்கும் ‘வில்’ வேடனுடைய வில்லன்று; நீர் தேங்கி நிற்கும் சிறு குளத்தையே அது குறிக்கும் என்பர். கொக்குகள் மேய்ந்த குளக்கரை காலப்போக்கில் குடியிருப்பாயிற்று. யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் செல்லும் வீதியிலே, சுருட்டுத் தொழிலாற் பெயர்பெற்று, வளவோடு வளவு நெருங்கி, ஒழுங்கையோடு ஒழுங்கை பின்னிக் கிடக்கும் ஊராக அது வளர்ந்தது. இன்று அங்கே ஒருவர் எத்திசையில் நின்று எதனைக் குறிபார்த்தாலும், குறிக்குப் பின்னால் இன்னொருவருடைய வீடு இருக்கும். காற்றுத் துவக்கைப் பற்றிய எந்த விளக்கமும் இந்த உண்மையை மனத்திலிருத்தியே தொடங்கவேண்டும்.

குடாநாட்டார் பலருக்கு இங்கே வீடும் வன்னியிலே வயலும் உண்டு. இரணைமடுக் குளத்தை நம்பிக் கிளிநொச்சியிலே காடு வெட்டிக் கழனியாக்கிய குடும்பங்கள் பல. அவ்வயல்களிலே பன்றியும் குரங்கும் மயிலும் செய்யும் அழிவு சிறிதன்று. 2025 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 15 ஆந் தேதி காலை 8 மணிமுதல் ஐந்து நிமிட நேரம், நாடு முழுவதும் குரங்கு, மர அணில், மயில் ஆகியவற்றை அவரவர் வளவிலே நின்று எண்ணுமாறு அரசாங்கம் மக்களைக் கேட்டுக்கொண்டமை நேயர்கள் அறிந்ததே. உழவருக்குக் காற்றுத் துவக்கு வழங்கலாமா என்ற பேச்சும் இவ்வாண்டுகளிலே பத்திரிகைகளில் அடிபட்டது. அப்பேச்சிலே ‘காற்றுத் துவக்கு’ என்ற ஒரே சொல், ஒன்றுக்கொன்று நூறு மடங்கு வேறுபட்ட கருவிகளைக் குறித்து நிற்கின்றது. குழப்பமெல்லாம் அங்கேதான் பிறக்கின்றது.

சிறுவர் கையிலும் விளையாட்டுக் கழகங்களிலும் காணப்படும் துவக்கின் குழல் 4.5 மில்லிமீற்றர் விட்டமுடையது. அது செலுத்தும் ஈயச் சன்னம் அரைக் கிராம் அளவே நிறையுள்ளது. செக்கனுக்கு 175 மீற்றர் வேகத்திற் செல்லும்போது அதன் சத்தி ஏறத்தாழ 8 யூல். ஒரு கிலோகிராம் நிறையை ஒரு மீற்றர் உயரம் தூக்க ஏறத்தாழ 10 யூல் வேண்டும்; ஆகவே இது மிகச் சிறிய சத்தி. எனினும் கண்ணிலே பட்டால் கண் போய்விடும். பெருங்குழல் எனப்படுபவை 9 மில்லிமீற்றருக்கு மேற்பட்டவை. அவற்றுள் 11.6 மில்லிமீற்றர்க் குழலுடைய ஒன்று, 23 கிராம் நிறையுள்ள ஈயக் குண்டைச் செக்கனுக்கு 230 மீற்றர் வேகத்திலே தள்ளும். அதன் சத்தி 600 யூல். வெடிமருந்தால் இயங்கும் சிறிய .22 துவக்கின் சன்னம் கொண்டுள்ள சத்தி இதில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே எட்டும் அளவுதான். ‘காற்றுத்தானே’ என்று இகழ்வார் இவ்வெண்களை ஒப்புநோக்குவது நன்று.

இவ்வலு எங்கிருந்து வருகின்றது? சிறிய துவக்குகளுட் பல, உள்ளேயிருக்கும் விற்சுருளை மடக்கி விடுவதால் இயங்குபவை. சுருள் ஒரு முசலத்தைத் தள்ள, முசலம் காற்றை நெருக்க, காற்று சன்னத்தைத் தள்ளுகின்றது. மனிதன் ஒருமுறை கையால் மடக்கும் உழைப்பே அங்கு முதல். அதற்கு மேல் வலு வராது. பெருங்குழலோ முன்னரே நெருக்கி நிரப்பிய காற்றைக் கலமொன்றிலே சேமித்து வைத்துச் சிறிது சிறிதாகச் செலவிடுகின்றது. மோட்டார் வண்டிச் சில்லிலே காற்று வளிமண்டல அமுக்கத்திலும் இரண்டு மடங்கு மிகுந்து நிற்கும். துவிச்சக்கர வண்டிச் சில்லிலே மூன்று நான்கு மடங்கு. இக்கலத்திலோ 200 மடங்கு. சிலவற்றில் 300 மடங்கு.

200 வளிமண்டல அமுக்கம் 4.5 மில்லிமீற்றர்ச் சன்னத்தின் பின்புறத்திலே தாக்கினால் 32 கிலோகிராம் நிறையின் தள்ளுதலுக்குச் சமம். அதே அமுக்கம் 11.6 மில்லிமீற்றர்க் குண்டின் பின்புறத்தில் 215 கிலோகிராமுக்குச் சமமாகும். விட்டம் இரண்டரை மடங்கு. தள்ளுதலோ ஏழு மடங்கை அண்மிவிட்டது. பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு வளர்வதே காரணம். வெடிமருந்து பல்லாயிரம் இறாத்தல் அமுக்கத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும்; காற்றுக்கு அந்த ஆற்றல் இல்லை. ஆதலின் காற்றுத் துவக்குச் செய்வோர், அமுக்கத்தைக் கூட்டமுடியாத குறையைக் குழலை அகலித்தும் நீட்டியும் தீர்த்துக்கொள்ளுகின்றனர். வேகத்தையும் அவர்கள் மிகக் கூட்டுவதில்லை. ஒலியின் வேகமாகிய செக்கனுக்கு 340 மீற்றரை அணுகும்போது சன்னம் தளம்பிக் குறி தவறுகின்றது. நிறையைக் கூட்டுவதே அவர்களுக்கு எஞ்சிய வழி.

ஆனால் அகன்ற குழல் பெருந்தீனி தின்னும் மாட்டைப் போன்றது. முக்கால் மீற்றர் நீளமும் 11.6 மில்லிமீற்றர் விட்டமும் உடைய குழலின் கனவளவு ஏறத்தாழ 80 கன சென்றிமீற்றர். குண்டு வாயை அடையும்வரை அக்குழல் முழுவதும் நெருக்கிய காற்றால் நிரம்பவேண்டும். சராசரி அமுக்கம் 100 வளிமண்டலம் என்று கொண்டாலும், ஒரு வெடிக்கு 8 இலீற்றர் சாதாரண காற்றுச் செலவாகும். கலத்தின் கொள்ளளவு அரை இலீற்றர் எனின், 200 வளிமண்டலத்திலே அதனுள் 100 இலீற்றர் காற்று அடங்கியிருக்கும். அதைக்கொண்டு பன்னிரண்டு முறை சுடலாம் என்று கணக்கிடுபவர் ஏமாறுவார். அமுக்கம் 140க்குக் கீழே இறங்கியதும் குண்டு தாழ்ந்து விழத் தொடங்கிவிடும். பயன்படும் காற்று 30 இலீற்றர் மாத்திரமே. ஆகவே நாலு வெடிகூட நிறைவாக இல்லை. கலத்திலே மீந்திருக்கும் 70 இலீற்றர், காற்றாக இருந்தும் வலுவாக இல்லை.

கடைகளிலே விற்கப்படும் கருவிகளும் இக்கணக்கைப் பொய்யாக்கவில்லை. ‘உமாரெக்ஸ் ஹமர்’ என்னும் 12.7 மில்லிமீற்றர்த் துவக்கு 300 வளிமண்டல அமுக்கத்துக்கு நிரப்பப்பட்டும் முழு வலுவோடு மூன்றே முறை சுடுகின்றது. ஒவ்வொரு குண்டும் 950 யூல் அளவைக் கொண்டு செல்லும். மறுபுறத்தில், ஒலிம்பிக் பந்தயத்திலே 10 மீற்றர்த் தொலைவில் 60 முறை சுடும் வீரரின் துவக்கு, ஒருமுறை நிரப்பிய காற்றைக் கொண்டு இருநூறுக்கு மேற்பட்ட சன்னங்களைச் செலுத்தும். 2008 இல் பெய்ஜிங்கிலே அபினவ் பிந்திரா பொற்பதக்கம் பெற்றதும், கடலூரிற் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கிண்ணப் போட்டிகளிலே முதலிடம் பெற்றதும் இத்தகைய மெலிந்த வலுவுடைய துவக்கினாலேயே. அங்கே வேண்டப்படுவது வலுவன்று; ஒரு வெடிக்கும் மறு வெடிக்கும் வேற்றுமை இன்மை.

அவ்வேற்றுமை எப்படி உண்டாகின்றது என்பது சுவையான பகுதி. விசையை இழுத்தால் உள்ளேயுள்ள சிறு சம்மட்டி பாய்ந்து வால்வை அடிக்கும். வால்வு கணப்பொழுது திறந்து மூடும். கலத்திலே அமுக்கம் மிகமிக, வால்வைப் பின்னின்று அழுத்தி மூடும் விசையும் மிகும். ஆகவே கலத்தை அளவுக்கு மிஞ்சி நிரப்பினால், சம்மட்டியின் அடி வால்வைச் சிறிதே திறக்கும். முதல் வெடி பலவீனமாகும். அமுக்கம் சற்றுத் தணிந்ததும் வால்வு நன்கு திறந்து வெடி வலுப்பெறும். பின் காற்றுக் குறையக் குறைய மறுபடி நலியும். ஏறி, நின்று, இறங்கும் இந்தக் கோட்டிலே மேற்புறத்து மேடை எத்தனை வெடி நீளமோ அத்தனையே அத்துவக்கின் உண்மையான வெடித்தொகை. சில துவக்குகளிலே கலத்துக்கும் வால்வுக்கும் இடையே சீராக்கி ஒன்று அமைத்து, கலத்தில் எவ்வளவு இருப்பினும் வால்வுக்கு ஒரே அமுக்கம் செல்லும்படி செய்வர். அப்போது மேடை நீளும். உச்ச வலு சற்றுக் குறையும். வாங்குவோர் விளம்பரத்திலே உள்ள பெரிய எண்ணைப் பாராது இம்மேடையைக் கேட்டறிய வேண்டும்.

இச்சிக்கல் இன்று தோன்றியதன்று. 1780 அளவில் ஒஸ்திரியப் படையினர் கையாண்ட ஜிராண்டோனி காற்றுத் துவக்கு 11.5 மில்லிமீற்றரை ஒட்டிய பெருங்குழலே. துவக்கின் அடிப்பிடியே காற்றுக் கலம். இருபதுக்கு மேற்பட்ட குண்டுகள் குழலோடு ஒட்டிய குழாயிலே வரிசையாக இருக்கும். கலத்தை நிரப்பக் கைப்பம்பினால் 1500 முறை அளவிலே அடிக்கவேண்டும். அந்த உழைப்பால் 30 வெடி வரையிலே கிடைத்தது, பிந்தியவை நலிந்தவையாகவே கிடைத்தன. புகையும் பெருமுழக்கமும் இன்றி அடுத்தடுத்துச் சுட்ட அக்கருவி எதிரிகளைத் திகைக்க வைத்தது. 1803 முதல் 1806 வரை அமெரிக்க மேற்றிசையை ஆராயச் சென்ற லூவிஸ், கிளார்க் குழுவினரும் காற்றுத் துவக்கொன்றைக் கொண்டுசென்று காட்டினர். ஆயினும் கலங்கள் கசிந்தன. திருத்தத் தேர்ந்த கைவினைஞர் போர்க்களத்திலே இல்லை. படை அதனைக் கைவிட்டது.

காற்றை நிரப்பும் வேலை இன்றும் எளிதன்று. கைப்பம்பை வேகமாக அடித்தால் காற்றுச் சூடேறும். ஆறியபின் அமுக்கமானி காட்டிய அளவு குறைந்துவிடும். கடலாற் சூழப்பட்ட யாழ்ப்பாணத்துக் காற்றிலே ஈரம் மிகுதி. நெருக்கும்போது அவ்வீரம் நீராகிக் கலத்தினுள்ளே தங்கி உருக்கை அரிக்கும். ஆகவே ஈரம் உறிஞ்சும் வடியின் வழியாகவே காற்றை நிரப்பவேண்டும். கடலட்டை பிடிக்கச் சுழியோடுபவர் பயன்படுத்தும் காற்று உருளை கிடைத்தால் வேலை குறையும். ஆனால் ஆஸ்பத்திரிகளிலும் பற்றுவைக்கும் பட்டறைகளிலும் உள்ள ஒட்சிசன் உருளையை ஒருபோதும் நாடலாகாது. நெருக்கிய ஒட்சிசன் கலத்தினுள்ளே சிறிதளவு எண்ணெயைச் சந்தித்தாலும் தீப்பற்றி வெடிக்கும். துவக்கைப் பிடித்தவரின் முகம் அதற்கு அருகிலேயே இருக்கும்.

சன்னத்தின் தேர்வு வலுவைப் போலவே முக்கியமானது. சிறு துவக்குச் சன்னம் உடுக்கின் வடிவினது: இடை மெலிந்து, பின்புறம் பாவாடைபோல் விரிந்திருக்கும். காற்றின் தடை அப்பாவாடையைப் பிடித்து நேரே செலுத்துகின்றது. அதே தடை விரைவிலே வேகத்தையும் குறைத்துவிடுகின்றது. குடியிருப்புள்ள இடத்திலே அந்தக் குறைபாடே நன்மை. பெருங்குழலுக்கு உரியவை வார்த்தெடுத்த நீண்ட ஈயக் குண்டுகள். அவை குழலின் உட்புரியாற் சுழன்று காற்றைக் கிழித்துச் செல்லும். வேகம் எளிதிலே குறையாது. உருண்டைக் குண்டு இலேசானது. குழலை விரைந்து கடந்துவிடும். ஆனால் அது வெளியேறியபின் வால்வு திறந்திருந்தால் காற்று வீணே பின்தொடரும். பாரமான குண்டு மெல்ல நகர்வதால் அதன்மேற் காற்று நெடுநேரம் வேலை செய்கின்றது, சத்தி கூடும். விலையாகக் கொடுப்பது பாதையின் வளைவு. செக்கனுக்கு 230 மீற்றர் வேகமுடைய குண்டு 50 மீற்றரிலே ஒரு சாண் அளவும், 100 மீற்றரிலே ஒரு மீற்றருக்குக் குறையாமலும் தாழும். தொலைவைக் கண்மதிப்பிலே தவறாகக் கணித்தவன் பன்றியின் நெஞ்சைக் குறிபார்த்துக் காலை முறிப்பான்.

ஈயத்தின் மென்மையும் கவனிக்கற்பாலது. தூய ஈயம் குழலின் புரியிலே நன்கு பதியும். காற்றின் மெல்லிய தள்ளுதலுக்கு அதுவே ஏற்றது. அந்திமனி கலந்து கடினமாக்கிய ஈயம் துப்பாக்கி வெடிமருந்துக்கு உரியது; இங்கே அது இறுகி நின்று வலுவைத் தின்னும். முனை குழிந்த குண்டு உடலிற் பட்டதும் விரிந்து பரந்த புண்ணை உண்டாக்கும்; ஆயினும் ஆண் பன்றியின் தோளிலே தடித்த தோற்கவசம் உண்டு. குழிமுனை அங்கேயே விரிந்து நின்றுவிட்டால் நுரையீரலை எட்டாது. தட்டைமுனையுள்ள திண்ணிய குண்டே அவ்விடத்துக்குப் பொருந்தும். இவ்வேகத்திலே செல்லும் குண்டு அதிர்ச்சியாற் கொல்வதில்லை, துளையினாலேயே கொல்லுகின்றது. அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலம் மான் வேட்டைக்குக் காற்றுத் துவக்கை அனுமதித்தபோது, 10 மில்லிமீற்றரை ஒட்டிய குழலும் 540 யூல் அளவும் குறைந்த எல்லையாக விதித்தது. எட்டு அல்லது பதினைந்து யூல் உடைய துவக்கைப் பன்றிமேல் நீட்டுபவன் அதனைக் கொல்லமாட்டான். சீழ்ப் பிடித்துப் பல நாள் அலையவிடுவான். காயப்பட்ட பன்றி அடுத்த நாள் வரம்பிலே புல்லறுக்க வரும் பெண்ணை எதிர்கொள்ளும்.

பிறநாட்டுச் சட்டங்கள் இவ்வேற்றுமையை நன்குணர்ந்தே வகுக்கப்பட்டுள்ளன. பிரித்தானியாவிலே 16 யூலுக்கு மேற்பட்ட காற்றுத் துவக்கு உரிமப் பத்திரமின்றி வைத்திருக்கத் தகாதது. இந்தியாவின் 2016 ஆம் ஆண்டு ஆயுத விதிகள் 20 யூலையும் .177 அங்குலக் குழலையும் எல்லையாகக் கொண்டன. இலங்கையிலே துவக்குகளைப் பற்றிய அடிப்படைச் சட்டம் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகும். வலுமிக்க காற்றுத் துவக்கொன்றை வாங்க எண்ணுபவர், கடைக்காரரின் சொல்லை நம்பாது, முதலிலே கச்சேரியிற் சென்று விசாரிப்பதே முறை. பறவைகளிற் பெரும்பாலானவை வனசீவராசிகள் சட்டத்தின் பாதுகாப்பிலே உள்ளன என்பதும் மறக்கற்பாலதன்று. திராட்சைப் பந்தலுக்கு வரும் பறவைக்கு வலை போதும்.

வன்னியிலே, மண்மேடொன்று பின்னணியாக நிற்க, உரிமத்தோடு சுடப்படும் பெருங்குழல், பாதையிலே கட்டிவைத்து ஆளையும் ஆட்டையும் அறியாது கொல்லும் கட்டுத்துவக்கிலும், வெடித்துச் சிதறும் பழைய இடியனிலும் எவ்வளவோ மேலானது. அதே கருவி கொக்குவிலுக்குக் கொண்டுவரப்பட்டால் வேறொன்றாகிவிடுகின்றது. பனையோலை வேலியும் தகர வேலியும் 600 யூலுக்குத் தடையல்ல. மேல்நோக்கிச் சுட்ட குண்டு அரை மைலுக்கு அப்பாலும் சென்று விழக்கூடும். அந்த அரை மைலுக்குள்ளே எத்தனை முற்றம், எத்தனை கிணற்றடி! வெடிமருந்துத் துவக்கின் முழக்கம் அயலாரை எச்சரிக்கும். காற்றுத் துவக்கின் ஓசை அவ்வளவு தூரம் எட்டுவதில்லை. வீட்டிலே வைத்திருக்கும்போது குண்டை அகற்றுவது மாத்திரம் போதாது. கலத்திலே அமுக்கம் இருக்கும்வரை, குழலிலே சிறுவன் திணிக்கும் கல்லும் குண்டாகும்.

ஈயம் வார்ப்போர் திறந்த வெளியிலே, சமையற் பாத்திரங்களுக்குப் புறம்பான கலத்தில் அதனை உருக்கவேண்டும். உருகிய ஈயத்திலே ஒரு துளி நீர் வீழ்ந்தாலும் அது சீறித் தெறிக்கும். குண்டைத் தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னரே உணவைத் தொடலாம். சுடப்பட்ட விலங்கின் இறைச்சியிலே குண்டு சென்ற வழியைச் சுற்றி ஒரு கையகலம் வெட்டி ஆழப் புதைத்துவிட வேண்டும். நாய்க்கும் அதனைப் போடலாகாது.