மேனாம்பேட்டு வானத்தை யார் படமெடுத்து வைப்பது?

கணினியில் உருவாக்கிய ஊரையோ காட்டையோ திரையில் பார்க்கும்போது ‘எங்கேயோ இடிக்கிறதே’ என்று தோன்றினால், முதலில் வானத்தைச் சந்தேகப்படுங்கள். வீட்டுக்கும் மரத்துக்கும் ஏரிக்கும் மாதக்கணக்கில் உழைத்திருப்பார்கள். வானத்தை மட்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு கோப்பிலிருந்து எடுத்து மாட்டியிருப்பார்கள். அது ஐரோப்பாவிலோ தென்னாப்பிரிக்காவிலோ எடுத்த வானமாக இருக்கும். தஞ்சாவூர் வயல்மேல் அயலூர் வெயில் அடிக்கும்.

சினிமாவில் வானத்தைச் ‘செய்வது’ சென்னைக்குப் பழைய தொழில். ஸ்டுடியோ காலத்தில் பெரிய துணித்திரையில் மேகம் வரைந்து பின்னால் தொங்கவிட்டு, கீழிருந்தும் மேலிருந்தும் விளக்கடித்தார்கள். 1957இல் வந்த ‘மாயா பஜார்’ படத்தின் படகுப் பாட்டுக்கு ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி நிலவொளியை உண்டாக்கியதை இன்றும் சிலாகிக்கிறார்கள். அவருக்குத் தெரிந்திருந்த விஷயம் இதுதான்: நிலவை வரைந்து வைத்தால் போதாது, நிலவின் வெளிச்சம் ஆட்களின் முகத்தில் விழவேண்டும். கணினி வந்த பிறகும் சிக்கல் அதேதான், கருவிதான் மாறியிருக்கிறது.

எப்படிச் செய்கிறார்கள்? அம்பத்தூரை அடுத்த மேனாம்பேட்டைக் கணினியில் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். தெரு, மொட்டைமாடி, சின்டெக்ஸ் தொட்டி, மின்கம்பம் எல்லாம் முப்பரிமாணத்தில் தயார். சுற்றிலும் மேலேயும் வெறும் இருட்டு. இப்போது ஊரையே உள்ளடக்கும் அளவுக்கு ஒரு பெரிய கோளத்தை உருவாக்கி, அதன் உட்புறத்தில் வானத்தின் படத்தைப் படியவைக்கிறார்கள். தொழிலில் இதை ‘ஸ்கை டோம்’ என்பார்கள். கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்தின் குவிமாடத்துக்குள் உட்கார்ந்து தலைக்குமேல் நட்சத்திரங்கள் நகர்வதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அந்தப் படம் சாதாரணப் புகைப்படம் அல்ல. கிடைமட்டமாக 360 டிகிரி, செங்குத்தாக 180 டிகிரி முழுவதும் அடங்கியது. அதனால் அகலம் உயரத்தைப்போல் சரியாக இரண்டு மடங்கு இருக்கும். உலக உருண்டையைத் தட்டையான வரைபடமாக விரித்தால் துருவப் பகுதி அளவுக்கு மீறி இழுபடுகிறதே, அதேபோல் இந்தப் படத்தின் மேல்விளிம்பும் இழுபட்டிருக்கும். உச்சிவானம் என்ற ஒற்றைப் புள்ளி படத்தின் மேல் வரிசை முழுக்கப் பரவிக் கிடக்கும். இது நம் ஊருக்கு மட்டும் ஏன் பெரிய தலைவலி என்பதைப் பிறகு சொல்கிறேன். வீடியோ கேம்களில் கோளத்துக்குப் பதில் ஒரு பெட்டியின் ஆறு உட்பக்கங்களிலும் படத்தை ஒட்டும் முறையும் உண்டு. அங்கே இந்த இழுவை குறைவு.

இதுவரை சொன்னது வானத்தைக் காட்டும் வேலை. வானத்தால் வெளிச்சம் தருவது அடுத்த வேலை, கடினமானதும் அதுதான். 1976இல் ஜேம்ஸ் பிளின், மார்ட்டின் நியூவெல் இருவரும் சுற்றுப்புறத்தின் படத்தைக் கொண்டு பளபளக்கும் பொருள்களில் பிரதிபலிப்பை உண்டாக்கும் வழியைச் சொன்னார்கள். பிரதிபலிப்பு கிடைத்தது, ஆனால் படமே விளக்காகிவிடவில்லை. காரணம், சாதாரணப் படக்கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். வெள்ளை மேகமும் 255, சூரியனும் 255. நிஜத்தில் சூரிய வட்டம் நீலவானத்தைவிட லட்சம் மடங்குக்கும் மேல் பிரகாசமானது.

இந்த முடிச்சை அவிழ்த்தவர்கள் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இருந்த பால் டெபெவெக்கும், கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு அங்கே பேராசிரியராகியிருந்த ஜிதேந்திர மாலிக்கும். ஒரே காட்சியை மிகக் குறைந்த வெளிச்சத்திலிருந்து மிக அதிக வெளிச்சம்வரை பல எக்ஸ்போஷர்களில் எடுத்து, அவற்றைச் சேர்த்து உண்மையான ஒளியளவைக் கணக்கிடும் முறையை 1997இல் வெளியிட்டார்கள். மறு ஆண்டே டெபெவெக், அப்படி அளந்த படத்தையே விளக்காக வைத்து, கணினிப் பொருளை நிஜக் காட்சிக்குள் பொருத்திக் காட்டினார். இன்று ‘எச்.டி.ஆர்.ஐ’ என்று எல்லா கிராஃபிக்ஸ் கூடங்களிலும் புழங்கும் சொல்லுக்குப் பின்னால் இருப்பது இந்த வேலைதான். படப்பிடிப்புத் தளத்தில் ஒருவர் பளபளக்கும் உலோகப் பந்தைக் கேமரா முன் சில நொடி தூக்கிப் பிடிப்பதைப் பார்த்திருந்தால், அது அந்த இடத்தின் வானத்தையும் விளக்குகளையும் பதிவு செய்வதற்காக.

‘லைஃப் ஆஃப் பை’ படத்தை நினைத்துப் பாருங்கள். புதுச்சேரிப் பையன் புலியோடு தத்தளிக்கும் கடல், தைவானின் தைச்சுங் நகரில் கட்டிய அலைத்தொட்டி. சுற்றிலும் நீலத்திரை. திரையில் நாம் பார்த்த வானம் பிறகு வைத்தது. நீரும் புலியின் ரோமமும் நம்பும்படி இருந்ததில் பாதிப் புகழ் அந்த வானத்துக்கு என்பேன். அதைச் செய்த ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனத்துக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும் கிளைகள் இருந்தன. 2013 பிப்ரவரியில் ஆஸ்கர் வாங்கிய அதே மாதத்தில் அது திவால் மனுவும் போட்டது வேறு கதை.

இனி, தவறு எங்கே நடக்கிறது என்று பார்ப்போம். அடிக்கடி நடப்பது ‘இரண்டு சூரியன்’. வானப் படத்தில் சூரியன் மேற்கே இருக்கும். நிழல் கூர்மையாக விழட்டும் என்று கலைஞர் தனியாக ஒரு சூரிய விளக்கு வைத்திருப்பார், அது தெற்கே இருக்கும். நிழல் ஒரு பக்கம், மேகத்தின் ஒளிவிளிம்பு இன்னொரு பக்கம். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். சரியான வழி, படத்திலுள்ள சூரியனை அழித்துவிட்டு, அதே இடத்தில் அதே வலிமையில் விளக்கை வைப்பது.

அடுத்தது தெளிவு. ‘8கே வானம்’ என்றால் பெரிதாகத் தோன்றும். கணக்குப் போடுங்கள்: 8192 புள்ளிகளை 360 டிகிரிக்குப் பகிர்ந்தால் ஒரு டிகிரிக்கு 23 புள்ளிகூட இல்லை. அரை டிகிரி அகலமுள்ள சூரியன் சுமார் 12 புள்ளிக்குள் அடங்கிவிடும். கேமரா 40 டிகிரி அகலத்துக்குக் காட்சியைப் பார்த்தால் வானத்துக்குக் கிடைப்பது வெறும் 910 புள்ளி. அதை 4096 புள்ளித் திரைக்கு இழுத்தால் மேகம் மசமசவென்றுதான் இருக்கும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் வெளிச்சத்துக்கு ஒரு வானமும் பார்வைக்கு ஒரு வானமுமாக இரண்டு வைத்துக்கொள்வார்கள். பார்வைக்கான வானத்தை, கேமரா நிற்கும் இடத்திலிருந்து சினிமா புரொஜெக்டர் போல வீசிப் பின்னணியில் படியவைப்பார்கள். பின்னணிக் காட்சிகளைத் தீட்டும் மேட் பெயின்டிங் கலைஞர்களுக்குக் கைவந்த வித்தை இது. கேமரா கொஞ்சம் அசைந்தால் தாங்கும். பக்கவாட்டில் நெடுந்தூரம் ஓடினால் படம் இழுபட்டுக் குட்டு வெளிப்பட்டுவிடும்.

படமே வேண்டாம், காற்றுமண்டலத்தின் இயற்பியலைக் கொண்டு வானத்தைக் கணக்கிட்டே வரைவோம் என்பவர்களும் உண்டு. 1999இல் ப்ரீத்தம், ஷர்லி, ஸ்மிட்ஸ் மூவரும் வெளியிட்ட பகல்வான மாதிரியைப் பின்னர் பல மென்பொருள்கள் எடுத்தாண்டன. முதலாமவரின் முழுப்பெயர் ஆற்காடு ஜே. ப்ரீத்தம். நம் ஆற்காடு அந்தப் பெயரில் இருப்பதில் எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி. 2012இல் பிராக் நகரத்து ஹோஷெக், வில்கி இருவரும் அதைத் திருத்தி மேம்படுத்தினார்கள். சூரியன் இருக்கும் உயரம், காற்றிலுள்ள தூசி மங்கல் ஆகியவற்றைக் கொடுத்தால் வானத்தின் நிறம் வந்துவிடும். டெராஜென் போன்ற நிலக்காட்சி மென்பொருள்கள் மேகத்தையும் கன அளவோடு உருவாக்கித் தரும். ஆனால் இவற்றில் கணினி படத்தைக் கணக்கிட்டு முடிக்கும் ரெண்டர் நேரம் அதிகம். நாளைக்கே ஷாட் வேண்டும் என்று தயாரிப்பாளர் நிற்கும்போது கை தானாக இலவச வானத்தைத் தேடிப் போகும்.

இலவச வானத்தைக் குறை சொல்வதற்கில்லை. தென்னாப்பிரிக்கக் கலைஞர் கிரெக் ஸால் தொடங்கிய எச்.டி.ஆர்.ஐ ஹேவன், இன்று பாலி ஹேவன் என்ற பெயரில், எந்த நிபந்தனையுமின்றி உயர்தர வானங்களைத் தருகிறது. சென்னையில் சின்னக் கூடம் நடத்தும் எத்தனையோ இளைஞர்களுக்கு அதுதான் கைகொடுக்கிறது. குறை நம் பக்கம். நம் வானத்தை நாம் எடுத்து வைக்கவில்லை.

வானம் எல்லா ஊரிலும் ஒன்றுதானே என்று கேட்கலாம். இல்லை. மேனாம்பேடு நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே ஏறத்தாழ 13 டிகிரியில் இருக்கிறது, லண்டன் 51.5 டிகிரியில். டிசம்பர் 21 நண்பகலில் லண்டனில் சூரியன் அடிவானத்திலிருந்து 15 டிகிரி உயரத்தில் தவழும். நமக்கு அதே நாள் நண்பகலில் 53 டிகிரிக்கும் மேல். லண்டனில் ஆண்டு முழுக்கக் காத்திருந்தாலும் சூரியன் 62 டிகிரியைத் தாண்டாது. சென்னையிலோ ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் நேர் உச்சிக்கு வந்து, நிழல் காலடிக்குள் போய்விடும். ஜூன் நண்பகலில் சூரியன் வடக்கே சாய்ந்து நிழல் தெற்கே விழும். மென்பொருளில் வானத்தை இடம் வலமாகச் சுழற்றிக்கொள்ளலாம், ஆனால் சூரியனை மேலே ஏற்ற முடியாது. ஏற்றினால் அடிவானமும் கூடவே சாய்ந்துவிடும். சித்திரை வெயிலில் நடக்கும் ஒரு காட்சிக்கு லண்டன் வானத்தை மாட்டினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

முன்பு பாதியில் விட்ட தலைவலி இதுதான். உச்சியில் நிற்கும் சூரியன், விரித்த படத்தின் மேல் வரிசையில் ஒரு வெள்ளைப் பட்டையாகப் பரவிவிடும். அதை அழிப்பதும் திருத்துவதும் தனி வேலை. ஐரோப்பிய வானங்களை எடுத்துப் பழகியவர்களுக்கு இந்தத் தொல்லை வருவதே இல்லை, அதனால் அவர்கள் எழுதும் பாடங்களிலும் இதைப் பற்றி அதிகம் பேச்சில்லை.

மேகமும் வேறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை, பகலெல்லாம் கொளுத்திவிட்டு, கடற்காற்று உள்ளே வந்த பிறகு சாயங்காலம் அம்பத்தூர், ஆவடிப் பக்கம் மேற்கே கருமேகம் திரண்டு நிற்கும். உச்சி தட்டையாக விரிந்த இடிமேகம், கீழே கருநீலம், கிழக்கே இன்னும் வெயில். அந்த வெளிச்சத்தில் புழல், கொரட்டூர் ஏரிகளின் தண்ணீர் ஈயம்போல் மின்னும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வானம் இதற்கு நேர்மாறு. தாழ்ந்த சாம்பல் கூரை, நிழலே இராது. அந்தியும் நமக்குச் சுருக்கம்: சூரியன் மறைந்து இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் ஆனால் வெளிச்சம் வடிந்துவிடும். லண்டன் ஜூன் மாதத்தில் அது முக்கால் மணி நேரத்தையும் தாண்டும். திரையில் நம் ஊர் அந்தி நீண்டுகொண்டே போவதைப் பார்த்திருப்பீர்கள்.

இதை இப்போது பேசக் காரணம் உண்டு. 2024 தொடக்கத்தில் தமிழக அரசு பூந்தமல்லி அருகே சுமார் 500 கோடி ரூபாயில் நவீன திரைப்பட நகரத்தை அறிவித்தது. எல்.இ.டி. திரை, அனிமேஷன், வி.எஃப்.எக்ஸ் வசதிகள் எல்லாம் அந்த அறிவிப்பில் இருந்தன. எல்.இ.டி. திரை என்றால், நடிகர்களைச் சுற்றிப் பிரம்மாண்டமான ஒளித்திரையை நிறுத்தி, கணினி நிலக்காட்சியையும் வானத்தையும் படப்பிடிப்பின்போதே ஓட்டுவது. 2019இல் வந்த ‘தி மாண்டலோரியன்’ தொடருக்கு 20 அடி உயரம், 75 அடி விட்டத்தில் அப்படி ஒரு வளைவைக் கட்டினார்கள். ஹைதராபாத் அன்னபூர்ணா ஸ்டுடியோவில் சென்னை நிறுவனமான கியூப் சினிமாவோடு சேர்ந்து இத்தகைய தளம் அமைத்திருக்கிறார்கள். இந்தத் தளங்களில் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடம் குறைவு. நடிகரின் கன்னத்தில் விழுவது அந்த வானத்தின் வெளிச்சமேதான். சூரியனின் கூர்மையான நிழலை மட்டும் எல்.இ.டி. சரியாகத் தராது, அதற்குத் தனி விளக்கு வேண்டும். மற்றபடி வானம் தவறானால் முகமே தவறாகிவிடும்.

கோடிகளில் கட்டிடம் எழும். அதற்குள் ஓட்டுவதற்கு நம் வானம் வேண்டாமா? இது அரசு ஆணைக்காகக் காத்திருக்கும் வேலை அல்ல. ஒரு கேமரா, மீன்கண் லென்ஸ், முக்காலி, சூரியனைத் தாங்கும்படி வெளிச்சத்தைக் குறைக்கும் அடர்த்தியான என்.டி. வடிகட்டி போதும். வடிகட்டி இல்லாமல் சூரியனைப் பார்த்து லென்ஸைத் திருப்பாதீர்கள், கண்ணும் போகும், சென்சாரும் போகும். மொட்டைமாடியில் தொட்டியும் டவரும் மறைக்காத மூலையைத் தேர்ந்து, திசைக்குத் திசை பல எக்ஸ்போஷர்களில் எடுங்கள். மேகம் ஓடும் நாளில் வேகமாக எடுக்காவிட்டால், படங்களைச் சேர்க்கும்போது மேகம் பேய்நிழல்போல் இரட்டித்துத் தெரியும். காக்கையையும் மின்கம்பியையும் பிறகு அழித்துக்கொள்ளலாம். தேதி, நேரம், இடம், கேமரா எந்தத் திசை பார்த்தது என்பதை மறக்காமல் குறித்து, யாரும் எடுத்தாளும்படி பொதுவில் போடுங்கள். விஸ்காம் மாணவர்களுக்கு ஆண்டுத் திட்டமாகவே கல்லூரிகள் இதைக் கொடுக்கலாம். மேனாம்பேட்டில் ஒரு குழு, வால்பாறையில் ஒன்று, இராமேசுவரத்தில் ஒன்று என்று பன்னிரண்டு மாதம் எடுத்தாலே தமிழ்நாட்டு வானத்துக்கு ஒரு நூலகம் தயாராகிவிடும். தொடங்க நாள் பார்ப்பதென்றால் ஏப்ரல் 24 நல்ல நாள், பகல் பன்னிரண்டு மணிக்கு முன் முக்காலியை நிறுத்திவிடுங்கள்.