நீலத் தூளும் தேயிலை ரோலரும்

கரம் பலகையில் தூவும் பவுடரும் பில்லியர்ட்ஸ் கோலின் நுனியில் தேய்க்கும் சோக்கும் நேர் எதிரான வேலைகளைச் செய்பவை. லயத்து வாசலில் பலகையைப் போட்டு விளையாடி வளர்ந்த ஊவா மலைப் பிள்ளைகளுக்கு முதலாவது நன்றாகத் தெரியும். போரிக் பவுடரைத் தூவினால் காய்கள் வழுக்கிக்கொண்டு ஓடும். போரிக் அமிலத்தின் படிகம் மெல்லிய அடுக்குகளால் ஆனது, ஓர் அடுக்கு மற்றதன் மேல் எளிதில் நழுவும். பில்லியர்ட்ஸ் கோலுக்குத் தேய்க்கும் நீலத் தூளோ வழுக்கலைத் தடுக்க வந்தது. அது இல்லாவிட்டால் அந்த விளையாட்டே இன்றைய உருவத்தில் இருந்திருக்காது.

இந்தத் தூளைக் கையால் தேய்க்காமல் ஒரு சின்ன இயந்திரத்தால் தேய்க்கலாமே என்று பலர் முயன்றிருக்கிறார்கள். பார்வைக்கு அற்பமான வேலை. செய்யப் போனால் அழகான ஒரு பௌதிகச் சிக்கல் குறுக்கே வந்து நிற்கிறது. அந்தச் சிக்கலுக்கான விடை பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைத் தோட்டங்களின் தேயிலை ஸ்டோர்களில் தலைமுறை தலைமுறையாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது என்பதுதான் என்னை இதை எழுத வைத்தது.

பில்லியர்ட்ஸ் மலைநாட்டுக்குத் துரைமாரோடு வந்தது. 1876இல் தொடங்கிய நுவரெலியா ஹில் கிளப்பில் அதற்கென்றே ஓர் அறை உண்டு. முழு அளவு மேசை ஒன்று 12 அடி நீளம். பச்சைத் துணிக்கு அடியில் கனத்த கற்பலகைகள், எல்லாம் சேர்த்து ஒரு டன்னுக்கும் மேல் எடை. பதுளைக்கு ரயில் வந்ததே 1924 பெப்ரவரி 5ஆம் திகதிதான். அதற்கு முன் பாரமான எதையும் வண்டிப் பாதையில்தான் இந்த மலைக்கு ஏற்ற வேண்டியிருந்தது. துரைமாரின் கிளப்புகளில் வெள்ளையர் அல்லாதவர் நெடுங்காலம் உறுப்பினராக முடியவில்லை. உள்ளே நின்றவர்கள் பரிமாறுபவர்களும் மார்க்கர்களும்தான். புள்ளியைச் சொல்வது, கோலை எடுத்துக் கொடுப்பது, பந்தைத் துடைத்து வைப்பது, சோக் தீராமல் பார்த்துக்கொள்வது மார்க்கரின் வேலை. மார்க்கர் என்ற அந்த மனிதரை மறக்க வேண்டாம், கதையில் அவருக்குப் பெரிய இடம் இருக்கிறது.

அந்தக் காலத்துப் பந்துகள் யானைத் தந்தத்தில் கடைந்தவை. பதுளையில் அரசாங்க அதிகாரியாக இருந்த மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவர் நினைவாகக் கட்டிய சென் மார்க் தேவாலயம் இன்றும் பதுளையில் இருக்கிறது. இலங்கை யானைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தந்தமே கிடையாது. ஒரு பந்துக்கும் உதவாமல் வெறும் வேட்டைப் பெருமைக்காக அவ்வளவு உயிர்கள் போனதை நினைத்தால் மனம் கசக்கிறது. தந்தத்துக்கு மாற்றுத் தேடி நியூயோர்க் நிறுவனம் ஒன்று 1863இல் 10,000 டொலர் பரிசு அறிவித்ததும், அந்தத் தேடலில் ஜோன் வெஸ்லி ஹயட் செலுலொயிட் வரை போனதும் தனிக் கதை. இன்றைய பந்து செயற்கைப் பிசினால் ஆனது. தந்தமோ பிசினோ, இரண்டும் வழவழப்பானவை. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

ஸ்னூக்கர் பந்தின் விட்டம் 52.5 மில்லிமீற்றர். அதன் நடுவில் நேராக இடித்தால் கோலின் விசை பந்தின் மையத்தை நோக்கிப் போகும். வழுக்க இடமில்லை. ஆனால் நல்ல ஆட்டக்காரர் எப்போதும் நடுவில் இடிப்பதில்லை. மேலே இடித்தால் பந்து உருண்டு தொடரும், கீழே இடித்தால் மோதியபின் பின்வாங்கும், பக்கத்தில் இடித்தால் மேசை விளிம்பில் பட்டுத் திசை மாறும். நடுவிலிருந்து விலக விலகக் கோல் பந்தின் சரிவான பக்கத்தில் படுகிறது. அங்கே கோலைப் பிடித்து நிறுத்துவது உராய்வு மட்டுமே. ஆரத்தில் பாதி, அதாவது ஏறத்தாழ 13 மில்லிமீற்றர் விலகினால், சரிவு 30 பாகை. அந்தச் சரிவில் வழுக்காமலிருக்க உராய்வுக் குணகம் கிட்டத்தட்ட 0.58 வேண்டும். கோலின் நுனியில் உள்ள வெறும் தோல் வழவழப்பான பந்தில் அவ்வளவு பிடிப்பைத் தராது. பிடி நழுவினால் கோல் பந்தைச் சுரண்டிக்கொண்டு வெளியே போகும், பந்து எங்கோ ஓடும். இத்தனையும் நடப்பது ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவான நேரத்துக்குள்.

பிரெஞ்சு விஞ்ஞானி கொரியோலிஸ் 1835இல் பில்லியர்ட்ஸின் கணிதத்துக்கென்றே ஒரு நூல் எழுதினார். சுழலும் பூமியில் காற்றும் நீரும் விலகிப் போவதை விளக்கும் விசைக்குப் பெயர் தந்த அதே கொரியோலிஸ்தான். மட்டமாகப் பிடித்த கோலால் நடுவுக்கு மேல் ஆரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு உயரத்தில் இடித்தால் பந்து சறுக்காமல் முதல் கணத்திலிருந்தே உருளும் என்பதைக் கணக்காலேயே காட்டலாம். நம் பந்துக்கு அது 10.5 மில்லிமீற்றர். உயர்தரப் பௌதிகம் படிக்கும் பிள்ளைகள் இதைத் தாங்களே போட்டுப் பார்க்கலாம், அரைப் பக்கக் கணக்குத்தான்.

கோலின் நுனிக்குத் தோல் வைத்தவர் பிரான்சுவா மென்கோ என்ற பிரெஞ்சுப் படை அதிகாரி. சிறையில் இருந்த காலத்தில் இந்த யோசனையைச் செம்மைப்படுத்தி 1807இல் வெளியே கொண்டுவந்தார் என்று பில்லியர்ட்ஸ் வரலாறு சொல்கிறது. தோல் வந்தபின் தூள். இங்கிலாந்தின் பாத் நகரில் பார்ட்லி என்பவரின் பில்லியர்ட்ஸ் அறையில் வேலை பார்த்த ஜாக் கார் என்ற மார்க்கர், பந்தைப் பக்கவாட்டில் சுழற்றி ஆடிக் காட்டி 1820களில் ஊரையே வியக்க வைத்தார். வித்தை தன் கையில் இல்லை, தன்னிடமுள்ள மந்திரத் தூளில் இருக்கிறது என்று சொல்லிச் சிறு டப்பிகளில் அடைத்து அதை விற்றார். டப்பியில் இருந்தது பொடித்த சுண்ணக்கட்டி. கோல் பிடித்து ஆடிய கனவான்களுக்குத் தெரியாத ஒன்று, தினமும் கோலைத் துடைத்துக் கொடுத்த வேலையாளுக்குத் தெரிந்திருந்தது.

இன்றைய சோக் அந்தச் சுண்ணக்கட்டி அல்ல. சிக்காகோவைச் சேர்ந்த பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரர் வில்லியம் ஸ்பிங்க்ஸுக்குப் பிரான்சிலிருந்து ஒரு துண்டு கிடைத்தது. அது வழக்கமான கட்டியைவிட நன்றாகப் பிடித்தது. அதை இரசாயனவியலாளர் வில்லியம் ஹொஸ்கின்ஸிடம் கொடுத்தார். அது எரிமலைப் பாறை, பெரும்பாலும் சிசிலியின் எட்னா மலையில் பிறந்தது என்று ஹொஸ்கின்ஸ் கண்டார். இருவரும் சேர்ந்து சிலிக்காவையும் குருந்தத்தையும் கலந்து தாங்களே ஒரு கட்டி செய்து 1897 மார்ச் 9இல் காப்புரிமை பெற்றார்கள். பின்னாளில் மின் அடுப்புகளில் சிவந்து எரியும் நிக்ரோம் கம்பியை உருவாக்கிய அல்பர்ட் மார்ஷுக்குத் துணை நின்றவரும் இதே ஹொஸ்கின்ஸ்தான்.

கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் சுண்ணக்கல்லுக்கு 3, சிலிக்காவான குவார்ட்ஸுக்கு 7, குருந்தத்துக்கு 9. குருந்தம் என்பது அலுமினியம் ஒக்சைட்டின் படிகம். அது தெளிந்து, இரும்பும் டைட்டேனியமும் இம்மியளவு கலந்து நீலமானால் நீலக்கல். ஊவாவின் மொனராகலை மாவட்டத்தில் ஒக்கம்பிட்டிய மண்ணைத் தோண்டித் தேடுவதும், 2012இல் கதிர்காமத்துக்கு அருகே வீதி போடக் கொட்டிய மண்ணில் மின்னி ஊரையே திரட்டியதும் அந்தக் கல்தான். பில்லியர்ட்ஸ் கட்டியின் நீலம் வெறும் சாயம். உள்ளே இருக்கும் மணிகளோ நீலக்கல்லின் உறவு. கூர்மூலைகள் கொண்ட அந்தக் கடின மணிகள் மென்மையான தோலுக்குள் பாதி புதைந்து, மீதியை வெளியே நீட்டிக்கொண்டு பந்தைப் பற்றுகின்றன. ஒவ்வொரு இடியிலும் சில மணிகள் உதிரும். ஆகவேதான் அடிக்கடி தேய்க்க வேண்டும்.

அதிகம் தேய்ப்பதும் கெடுதல். மிஞ்சிய தூள் துணியில் சிந்தும், பந்தில் ஒட்டும். இரு பந்துகள் மோதும் இடத்தில் ஒரு துளித் தூள் அகப்பட்டால் பந்து துள்ளித் திசை தவறும். ஈரமும் இதில் சேர்ந்துகொள்ளும். ஈரம் ஏறிய துணி பந்தை இழுத்து மெதுவாக்கும் என்பதால் பெரிய போட்டிகளில் மேசையை அடியிலிருந்து சூடாக்குகிறார்கள். வடகீழ்ப் பருவ மழையில் நனைந்து, ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்றில் காயும் ஊவாவில் ஒரே மேசை ஆண்டுக்கு இரு குணம் காட்டும் என்று எதிர்பார்க்கலாம். அந்த உலர்காற்றுத்தானே ஊவாத் தேயிலைக்கு அதன் பருவ மணத்தையும் தருகிறது.

இனி இயந்திரத்துக்கு வருவோம். எளிய வடிவம் இதுதான். மேசை ஓரத்தில் ஒரு சிறு பெட்டி, அதில் ஒரு துளை. உள்ளே ஸ்பிரிங் ஒன்று சோக் கட்டியை முன்னே தள்ளிக்கொண்டிருக்கும். கைப்பிடியோ சின்ன மோட்டாரோ கட்டியைச் சுழற்றும். கோலின் நுனியைத் துளைக்குள் நுழைத்து எடுத்தால் வேலை முடிந்தது. இதில் என்ன குறை?

சுழலும் எதற்கும் அசையாத மையம் ஒன்று உண்டு. நிமிடத்துக்கு 120 சுற்று என்று வைத்துக்கொள்வோம். 10 மில்லிமீற்றர் அகலமான நுனியின் விளிம்பில் தேய்ப்பு வேகம் வினாடிக்கு 63 மில்லிமீற்றர். மையத்திலிருந்து ஒரு மில்லிமீற்றர் தள்ளி ஏறத்தாழ 13. நட்ட நடுவில் பூச்சியம். நடுவில் இடிக்கும்போது சோக் அவ்வளவாகத் தேவையில்லை, அதனால் நடுப்புள்ளி வெறுமையாக இருந்தால் போகட்டும். சங்கடம் இடைப்பட்ட வளையங்களில்தான். உள் வளையத்துக்குப் போதிய தூள் கிடைக்கும் வரை கருவியை ஓட விட்டால் வெளி விளிம்பில் ஐந்து மடங்கு தேய்ப்பு நடந்து தூள் மண்டிவிடும். மண்டியது உதிரும். போதாக்குறைக்குக் கட்டியில் ஆழமான குழி விழுந்து, அதன் சுவர் நுனிக்குக் கீழுள்ள பூணையும் மரத்தையும் அரிக்கும். கையில் கட்டியை வைத்துக் கோலைத் திருகித் துளைப்பவர்கள் செய்வதும் இதே தவறுதான். நல்ல ஆட்டக்காரர் கட்டியைச் சாய்த்துப் பிடித்து, நுனியின் மேல் குறுக்கும் நெடுக்குமாக வருடி விடுவார்.

ஆக, தேவைப்படுவது அசையாத மையம் இல்லாத ஒரு வட்ட அசைவு. அப்படி ஒன்று உண்டா?

தோட்டத்து ஸ்டோரில் ரோலர் ஓடும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். வாடிய கொழுந்து நிரம்பிய அந்தப் பெரிய உருளை, வரிச்சட்டங்கள் பதித்த மேசையின் மேல் வட்டமடிக்கிறது. ஆனால் அது தன்னைத்தானே சுற்றுவதில்லை. அதன் மேல் ஓர் எழுத்தை எழுதி வைத்தால், எத்தனை சுற்று வந்தாலும் அந்த எழுத்து உங்களைப் பார்த்தபடியே இருக்கும். மூன்று கிராங்குகள் உருளையைத் தாங்கி, முகம் திரும்ப விடாமல் வட்டத்தில் நடத்துகின்றன. இப்படி அசையும் பொருளில் மையம், விளிம்பு என்ற பேதமே இல்லை. எல்லாப் புள்ளிகளும் ஒரே அளவு வட்டத்தில், ஒரே வேகத்தில் போகின்றன. மையமும் விளிம்பளவு தேய்க்கும், விளிம்பு மிஞ்சித் தேய்க்காது. மரத்தை மட்டமாக்கும் சில மின் தேய்ப்பான்களும் இதே உத்தியைத்தான் கையாள்கின்றன.

இந்த அசைவு மனிதக் கையிலிருந்து வந்தது. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை பயிரிடத் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லர், ஆரம்பத்தில் பங்களா விறாந்தையில் மேசை போட்டுக் கொழுந்தைக் கைகளால் உருட்ட வைத்தார். உள்ளங்கை முகம் மாறாமல் வட்டமாகப் போகும் அந்த உருட்டலைத்தான் பின்வந்த இயந்திரங்கள் எடுத்துக்கொண்டன. ஆக, சோக் கட்டியைச் சுழற்றாமல் ரோலர்போல் முகம் மாறாமல் வட்டமாக நடத்தும் கருவி ஒன்று செய்தால், சுழற்றும் பெட்டியைவிட அது சீராகப் பூசும் என்பது என் துணிபு. இரண்டு மில்லிமீற்றர் வட்டம் போதும். கட்டியின் குழி நுனியைவிடச் சற்று அகலமாக இருக்க வேண்டும். ஒரு பொம்மை மோட்டாரும் மூன்று சிறு கிராங்குகளும் கிடைத்தால் பாடசாலை விஞ்ஞான கூடத்திலேயே செய்து பார்க்கலாம்.

உலகத் தரத்து ஆட்டக்காரர்கள் இன்னும் கையால்தான் தேய்க்கிறார்கள். 1973இல் பம்பாயில் நடந்த உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டியில் இலங்கைக்குப் பட்டம் வாங்கித் தந்த எம். ஜே. எம். லாபீரின் காலத்திலும் அப்படித்தான். பழகிய கை அந்தச் சீரான வருடலை இயல்பாகச் செய்துவிடுவதால் கருவிக்குப் பெரிய தேவை எழவில்லை.

பதுளை மாவட்டத்து விஞ்ஞான ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளைத் தேயிலை ஸ்டோருக்குக் கூட்டிப் போகும்போது, எந்த மாடியில் வாட்டுகிறார்கள், எத்தனை கிலோ கொழுந்து வருகிறது என்று குறிப்பெடுக்க வைப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ரோலர் நிற்கும்போது அனுமதி கேட்டு உருளையின் விளிம்பில் இரண்டு வண்ணத் தாள்களை எதிரெதிராக ஒட்டச் சொல்லுங்கள். ஓடத் தொடங்கியபின் தூரத்தில் நின்று அவை எப்படிப் போகின்றன என்று பார்க்கச் சொல்லுங்கள். சுழற்சிக்கும் வட்டப் பெயர்ச்சிக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வளவு தெளிவாகக் காட்டும் கருவி கொழும்பின் எந்தப் பாடசாலையிலும் இருக்காது. அந்தப் பிள்ளைகளின் தாயும் தகப்பனும் வேலை செய்யும் இடத்தில் இருக்கிறது.