சாடியில் எஞ்சிய பருப்பு

கிரேக்க நாட்டின் சந்தொரினித் தீவில், நண்பர் மூவருடன் கடலோர உணவகமொன்றில் அமர்ந்திருந்தேன். ‘ஃபாவா’ வந்தது. மஞ்சட் பருப்பைக் குழைய வேகவைத்து மசித்து, ஒலிவ எண்ணெயும் வெங்காயமும் இட்ட உணவு அது. நம் வீட்டுப் பருப்புக்கறிக்கு உறவெனச் சுவைத்தோம்.

அன்று காலைதான் அக்குரோத்திரி அகழ்விடத்தைக் கண்டிருந்தோம். ஏறத்தாழ 3600 ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பலில் புதைந்த நகரம் அது. அகழ்வை மரினாத்தோஸ் 1967இல் தொடங்கினார். இதே பருப்பு அங்குச் சாடிகளிற் கிடைத்தது. மக்களோ முன்னரே வெளியேறிவிட்டனர் என்பர்.

இதை நான் கூறியதும் நண்பரொருவர் கரண்டியைக் கீழே வைத்தார். 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியவர் அவர்.

“எங்கட அடுப்பிலையும் அண்டைக்குப் பருப்புத்தான் வெந்துகொண்டிருந்தது,” என்றார்.

சிறிது நேரத்தின் பின் அவரே கரண்டியை எடுத்தார். தட்டில் நாம் எதையும் மீதம் வைக்கவில்லை.