வாடை வந்தால் அடையும் கதவுகள்: இலங்கைக் கடற்கரை ஊர்களின் இருவேறு நாட்காட்டிகள்

சுற்றுலாப் பருவம் முடிந்ததும் கடற்கரை ஊர்களின் கடைகளும் விடுதிகளும் மூடப்படுகின்றனவா என்ற கேள்விக்கு எல்லா ஊர்களுக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. ஓர் ஊர் எந்தத் திசைக் கடலை நோக்கியுள்ளது, எந்தக் காற்று எந்த மாதத்தில் அதன்மேல் வீசுகிறது, அங்குள்ள மக்கள் பயணிகளை மட்டுமே நம்பியுள்ளனரா என்பவற்றைப் பொறுத்து விடை மாறுகிறது. இந்த வேறுபாட்டை இலங்கைத் தீவு மிகத் தெளிவாகக் காட்டுகிறது. அங்கே ஒரு கரையில் கதவுகள் அடைபடும் மாதங்களிலேயே மறுகரையில் கதவுகள் திறக்கின்றன.

இலங்கை வானிலைத் துறை ஆண்டை நான்கு பருவங்களாகப் பிரிக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றும், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்றும் வீசுகின்றன. மார்ச், ஏப்ரல் மாதங்களும் அக்டோபர், நவம்பர் மாதங்களும் இவற்றுக்கு இடைப்பட்ட பருவங்கள். தென்மேற்குக் காற்று ஈரத்தைச் சுமந்து வந்து மேற்கு, தெற்குக் கரைகளில் மழையாகப் பொழிந்து, அங்குள்ள கடலையும் கொந்தளிக்கச் செய்கிறது. நடுவிலுள்ள மலைநாட்டைத் தாண்டும்போது ஈரத்தை இழந்துவிடும் அக்காற்று, கிழக்குக் கரையை வறண்ட வெப்பக் காற்றாகவே அடைகிறது. மட்டக்களப்புப் பகுதி மக்கள் அதைக் கச்சான் என்பர். ஆண்டின் கடைசி மாதங்களில் இந்நிலை தலைகீழாகிறது. வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்று வடக்குக்கும் கிழக்குக்கும் மழையைக் கொண்டுவர, தென்கரைக் கடல் அமைதியடைகிறது. ஆகவே இக்கடுவை, உனவட்டுன, மிரிஸ்ஸ போன்ற தென்கரை ஊர்களுக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரையும், அறுகம்பே, பாசிக்குடா, நிலாவெளி போன்ற கிழக்குக்கரை ஊர்களுக்கு ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரையும் சுற்றுலாப் பருவம் அமைந்துள்ளது.

அலையும் காற்றும் ஒத்துழைக்கும் மாதங்கள்

அம்பாறை மாவட்டத்தில் பொத்துவிலை அடுத்துள்ள அறுகம்பே, பருவத்தை நம்பி வாழும் ஊருக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. உல்லை என்று உள்ளூர் மக்களால் அழைக்கப்படும் இக்கடற்கரை, அலைச்சறுக்கு விளையாட்டுக்காக உலகெங்கும் அறியப்பட்டது. அலைச்சறுக்கு என்பது நீண்ட பலகையின்மேல் நின்றுகொண்டு, கரை நோக்கி உடையும் அலையின் சரிவில் வழுக்கிச் செல்வதாகும். இதற்கு உயரமான அலை மட்டும் போதாது. அந்த அலை ஒரே நேரத்தில் நொறுங்கிவிடாமல், ஒரு முனையிலிருந்து தொடங்கிப் பக்கவாட்டில் சீராக உடைந்துகொண்டே வரவேண்டும். அறுகம்பேயில் கடலுக்குள் நீளும் நிலமுனை அலைகளை அவ்வாறு உடையச் செய்கிறது.

மே முதல் செப்டம்பர் வரை தென்கோளத்தில் குளிர்காலமாதலால், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழும் புயல்களிலிருந்து பிறக்கும் நெடிய அலைகள் இலங்கையின் தென்கிழக்குக் கரையை வந்தடைகின்றன. அதே மாதங்களில் காற்று நிலத்திலிருந்து கடல் நோக்கி வீசி, அலையின் முகத்தைச் சமன்செய்கிறது. வாடைக்காலத்திலோ காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கித் திரும்பி, அலைகளைச் சிதறடித்து, மழையையும் கொண்டுவருகிறது. எனவே அறுகம்பேயின் பருவம் வணிகர் தம் வசதிக்கேற்ப வகுத்துக்கொண்டதன்று. அலையும் காற்றும் ஒத்துழைக்கும் மாதங்களே அதன் பருவமாகும். அவை மாறியதும் பயணிகள் விலகுகின்றனர், பயணிகள் விலகியதும் கடற்கரையோர விடுதிகளிலும் உணவகங்களிலும் பல மூடப்படுகின்றன.

எவை மூடப்படுகின்றன, எவை திறந்திருக்கின்றன?

ஒரு கடையை மூடுவதா திறந்து வைப்பதா என்ற முடிவுக்குப் பின்னால் எளிய கணக்கு ஒன்று உண்டு. பொருளியலில் செலவுகள் இரு வகைப்படும். கடை திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் செலுத்தியே தீரவேண்டிய நிலக் குத்தகை, வங்கிக் கடன் தவணை போன்றவை மாறாச் செலவுகள். கடையை நடத்தினால் மட்டுமே ஏற்படும் சமையல் பொருள், நாட்கூலி, குளிரூட்டும் பெட்டிக்கான மின்சாரம் போன்றவை மாறும் செலவுகள். நாளின் வருவாய் மாறும் செலவுக்கு மேல் இருக்கும்வரை, அது மாறாச் செலவை முழுமையாக ஈடுசெய்யாவிட்டாலும், கடையைத் திறந்து வைப்பதே நன்று; மிஞ்சும் தொகை குத்தகையின் ஒரு பகுதிக்காவது உதவும். வருவாய் அதற்கும் கீழே இறங்கும்போது, திறந்திருக்கும் ஒவ்வொரு நாளும் நட்டத்தைப் பெருக்குகிறது. மூடப்பட்ட கதவைப் பார்ப்பவர்கள் அதை உரிமையாளரின் சோம்பலாகவோ தொழிலின் தோல்வியாகவோ கருதிவிடக்கூடாது. பெரும்பாலும் அது அடுத்த பருவத்தில் மீண்டும் திறப்பதற்காகக் கைப்பொருளைக் காத்துக்கொள்ளும் விவேகமான முடிவேயாகும்.

இக்கணக்கு எல்லாத் தொழில்களுக்கும் ஒன்றுபோல் அமைவதில்லை. கடலையே நேரடியாகச் சார்ந்தவை முதலில் நிற்கின்றன: அலைச்சறுக்குப் பலகை வாடகைக்குக் கொடுக்கும் இடங்கள், திமிங்கிலம் பார்க்க அழைத்துச் செல்லும் படகுகள், நிலாவெளிக்கு அருகிலுள்ள புறாத்தீவுக்குச் செல்லும் படகுகள் ஆகியவை இவ்வகையின. அடுத்து, பயணிகளுக்காகவே சமைக்கும் உணவகங்களும், சில அறைகளே கொண்ட விடுதிகளும் மூடப்படுகின்றன. உள்ளூர் மக்களுக்கும் பொருள் விற்கும் பலசரக்குக் கடை, தேநீர்க்கடை, மருந்துக்கடை, சந்தை ஆகியவை ஆண்டு முழுவதும் திறந்திருக்கின்றன. இதனால்தான் தென்கரையிலுள்ள காலி நகரம் எந்த மாதத்திலும் அடைபடுவதில்லை. 1988இல் உலக மரபுரிமைச் சின்னமாக அறிவிக்கப்பட்ட கோட்டையும், அலுவலகங்களும், மருத்துவமனைகளும், பேருந்து நிலையமும் கொண்ட அந்நகரத்துக்கு, கடல் கொந்தளிக்கும் காலத்திலும் வருவோர் உண்டு. அதற்கு அப்பாலுள்ள மிரிஸ்ஸவில், கடல் அமைதியை நம்பியே இயங்கும் திமிங்கிலப் படகுகள் தென்மேற்குப் பருவத்தில் ஓய்கின்றன. அம்மாதங்களில் நீலத்திமிங்கிலங்களைக் காண விரும்புவோர் திருகோணமலைக் கடலை நாடுகின்றனர்.

மூடியிருக்கும் மாதங்களும் வேலையற்ற மாதங்கள் அல்ல. உப்புக்காற்று இரும்பை அரிக்கும், மரத்தை உளுக்கச் செய்யும், மின்கருவிகளைப் பழுதாக்கும். கூரையின் கிடுகுகளை, அதாவது பின்னிய தென்னோலைகளை, அவ்வப்போது மாற்றி வேய வேண்டும். வண்ணம் பூசுதல், கிணறு இறைத்தல், படகைக் கரையேற்றிப் பழுதுபார்த்தல் ஆகியவற்றுக்குக் கூட்டம் இல்லாத காலமே வாய்ப்பானது.

கடையை மூடும் மழை, வயலைத் திறக்கிறது

பொத்துவில் பகுதியின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள, அதன் உட்புறத்து நெல்வயல்களையும் பார்க்க வேண்டும். இலங்கையில் நெல் இரு போகங்களாக விளைகிறது. வடகிழக்குப் பருவமழையை நம்பி அக்டோபர், நவம்பர் மாதங்களில் விதைத்து, பிப்ரவரி, மார்ச் வாக்கில் அறுவடை செய்வது பெரும்போகம். ஏப்ரல், மே மாதங்களில் தொடங்குவது சிறுபோகம். நெல் விளைச்சலில் நாட்டின் முன்னணி மாவட்டங்களுள் ஒன்று அம்பாறை. உல்லையின் விடுதிகளை மூடவைக்கும் அதே மழைதான் வயல்களில் விதைப்பைத் தொடங்கி வைக்கிறது. வயலோ கால்நடையோ உள்ள குடும்பத்துக்குக் கடற்கரையின் ஓய்வுக்காலம் இன்னொரு தொழிலின் தொடக்கமாக அமைகிறது; ஆனால் விடுதி வேலையைத் தவிர வேறொன்றும் இல்லாதவருக்கு அது வருவாயற்ற காலமாகிவிடுகிறது.

காற்றைப் பார்த்துத் தொழிலை இடம் மாற்றும் வழக்கம் சுற்றுலாவால் வந்ததும் அன்று. தென்மேற்குப் பருவத்தில் மேற்குக்கரைக் கடல் சீறும்போது, நீர்கொழும்பு, சிலாபம் பகுதி மீனவர் கிழக்கு, வடகிழக்குக் கரைகளுக்குப் பெயர்ந்து, பருவம் முடியும்வரை தங்கி மீன்பிடிப்பது நெடுங்கால வழக்கம். அவ்வாறு கரையில் அமைக்கும் தற்காலிகக் குடியிருப்புக்கு வாடி என்று பெயர். வாடைக்காலத்தில் வடக்கிலுள்ள நெடுந்தீவுக்கு வந்து வாடி அமைக்கும் மீனவர்களின் வாழ்க்கையே செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நாவலுக்குக் களம். இன்று ஒரு கரையில் பருவம் முடிந்ததும் மறுகரைக்கு வேலை தேடிப் பெயரும் சமையற்காரரும் அலைச்சறுக்குப் பயிற்றுநரும் அந்தப் பழைய பாதையிலேயே நடக்கின்றனர்.

இலங்கையில் கதவடைப்பைக் காற்றும் வருவாயும் முடிவு செய்ய, இந்தியாவின் கோவாவில் அது சட்டத்தோடும் பிணைந்துள்ளது. அங்குள்ள கடற்கரைக் குடில் உணவகங்கள் மூங்கிலாலும் ஓலையாலும் எழுப்பப்படுபவை. கடலோர ஒழுங்காற்று மண்டலம் பற்றிய 2011ஆம் ஆண்டின் அறிவிக்கை, கோவாவில் வழக்கமாகச் செப்டம்பர் முதல் மே வரை எழுப்பப்படும் தற்காலிகக் கட்டமைப்புகளைத் தனியே குறிப்பிட்டது. மழைக்கு முன் அவற்றைப் பிரித்தெடுப்பதால் மணற்பரப்பு தன் இயல்பான அசைவுக்குத் திரும்புகிறது. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக்கரையில் விசைப்படகுகளுக்கு விதிக்கப்படும் 61 நாள் மீன்பிடித் தடையும் இம்மாதங்களிலேயே வருகிறது. கடலுக்கும் கரைக்கும் ஓய்வு தேவை என்பதை அங்கே அரசும் ஏற்றுள்ளது.

ஒரு பருவம் தவறினால்

ஐந்து மாத வருவாயில் பன்னிரண்டு மாதம் வாழவேண்டிய ஊருக்கு, ஒரு பருவம் தவறினால் ஓராண்டே தவறியதாகும். 2019 ஏப்ரல் 21 அன்று இலங்கையில் நிகழ்ந்த குண்டுத் தாக்குதல்கள், கிழக்குக்கரையின் பருவம் தொடங்க இருந்த வேளையில் வெளிநாட்டுப் பயணிகளை விலக்கிவிட்டன. அடுத்த ஆண்டு கொரோனா பெருந்தொற்று வந்தது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடும் பொருளாதார நெருக்கடியும் வந்தன. வாடைக்காக ஆண்டுதோறும் அடையும் கதவு கச்சான் வந்ததும் திறக்கும் என்ற நம்பிக்கையோடு அடைவது. அந்த ஆண்டுகளில் அடைந்த கதவுகளுக்கு அந்த நம்பிக்கைகூட இருக்கவில்லை.

இயற்கை வகுத்த ஓய்வை நீக்கி, எல்லாக் கடற்கரைகளையும் ஆண்டு முழுவதும் திறந்து வைப்பது தீர்வாகாது. அவ்வாறு செய்ய முனைந்தால் கொந்தளிக்கும் கடலில் உயிர்கள் பலியாகும், கரையும் தேய்ந்துபோகும். வேண்டுவது, ஓய்வுக்காலத்தின் சுமை முழுவதும் நாட்கூலித் தொழிலாளியின் தோளில் விழாமல் தடுக்கும் ஏற்பாடு. பருவத்தில் ஈட்டும் வருவாயில் ஒரு பங்கைத் தொழிலாளருக்கான சேமிப்பாக ஒதுக்குதல், கடன் தவணைகளைப் பருவத்துக்கேற்ப வகுத்தல், மழைக்காலப் பராமரிப்பு வேலைகளை உள்ளூராருக்கே கொடுத்தல் ஆகியவை உரிமையாளரும் வங்கிகளும் அரசும் மனம்வைத்தால் செய்யக்கூடியவை. பயணம் செய்வோரும் தமக்கு விடுமுறை கிடைக்கும் மாதத்தை மட்டும் பாராமல், செல்லவிருக்கும் கரையில் அப்போது எந்தக் காற்று வீசும் என்பதையும் அறிந்து புறப்பட வேண்டும். உரிய பருவத்தில் சென்று அங்கே அவர்கள் செலவிடும் பணமே, கதவடைந்திருக்கும் மாதங்களிலும் அவ்வூர் மக்களின் அடுப்பை எரியச் செய்கிறது.