மரபு ஆய்வுக்கான கருத்துருத் தரவு மாதிரி

கருத்துருத் தரவு மாதிரி என்பது ஒரு துறையில் எவையெவை உள்ளன, அவை ஒன்றோடொன்று எவ்வாறு தொடர்புறுகின்றன என்பதை, எந்த மென்பொருளையும் சாராமல் வரையறுக்கும் வரைவு ஆகும். அட்டவணைகளும் கோப்பு வடிவங்களும் இதற்கு அடுத்த கட்டத்தில் வருபவை. 1976இல் பீட்டர் சென் உருபொருள்–உறவு மாதிரியை முன்வைத்த பின், தரவுத்தள வடிவமைப்பில் இது முதல் படியாக நிலைபெற்றது.

ஒரு கடைக்கு இத்தகைய மாதிரி வரைவது எளிது. வாடிக்கையாளர், பொருள், விலை என்பவற்றில் பெரிய ஐயம் எழாது. வரலாற்று ஆய்வில் நிலைமை வேறு. சான்று சொல்வது ஒன்று. ஆய்வாளர் அதிலிருந்து கொள்வது இன்னொன்று. இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதிவிட்டால் பின்னர் பிரிக்க முடியாது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை எடுத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் முழுமையாகப் புலப்படும்.

ஒரு குடமும் மூன்று நாள்களும்

முதலாம் இராஜராஜன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், ஸ்ரீவிமானத்தின் உச்சியில் வைப்பதற்காக 3,083 பலம் எடையுள்ள செப்புக்குடம் ஒன்றைக் கொடுத்தான். இச்செய்தி கோயிலின் முதன்மைக் கல்வெட்டில் உள்ளது. கொடைகளைக் கல்லில் வெட்டுமாறு அரசன் ஆணையிட்டது 26ஆம் ஆட்சியாண்டின் 20ஆம் நாள் என்றும் அதே கல்வெட்டு கூறுகிறது. எழுத்து வெட்டப்பட்டது அதற்கும் பிறகு.

மாணவர்கள் பொதுவாக முதலில் வரையும் அட்டவணையில் கல்வெட்டு எண், இடம், அரசன், ஆண்டு, செய்தி என ஐந்து நெடுவரிசைகள் இருக்கும். இதில் 'ஆண்டு' என்ற கட்டத்தில் எதை எழுதுவது? கொடையின் நாளையா, ஆணையின் நாளையா, வெட்டிய காலத்தையா? எதை எழுதினாலும் மற்ற இரண்டும் தொலைந்துபோகும்.

தீர்வு, காலத்தைப் பொருளோடு பிணைக்காமல் நிகழ்வோடு பிணைப்பது. குடம் ஓர் உருபொருள். அதற்கு எடை உண்டு, உலோகம் உண்டு, ஆனால் 'ஆண்டு' கிடையாது. கொடை, ஆணை, பொறிப்பு என்னும் மூன்று நிகழ்வுகளுக்குத்தான் காலம், இடம், பங்கேற்ற மாந்தர் ஆகியவை உண்டு. பன்னாட்டு அருங்காட்சியக மன்றத்தின் ஆவணப்படுத்தல் குழுவான சிடோக், 1990களின் நடுப்பகுதி முதல் உருவாக்கிவரும் கருத்துருக் குறிப்பு மாதிரியின் அடிப்படையும் இதுவே. 2006இல் அது ஐஎஸ்ஓ 21127 என்னும் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது.

காலத்தைப் பதிதல்

கல்வெட்டில் பொது ஆண்டு இல்லை, ஆட்சியாண்டே உள்ளது. இராஜராஜன் 985ஆம் ஆண்டு ஜூன் 25க்கும் ஜூலை 25க்கும் இடையில் ஆட்சிக்கு வந்தான் என்று கீல்ஹார்ன், கல்வெட்டுகளின் வானியல் குறிப்புகளைக் கொண்டு கணித்தார். அதன்படி, குடம் கொடுக்கப்பட்ட நாள் 1010ஆம் ஆண்டு மார்ச் இறுதிக்கும் ஏப்ரல் இறுதிக்கும் இடையில் விழுகிறது. அதாவது, கல்வெட்டு நாளைத் துல்லியமாகச் சொன்னாலும் பொது ஆண்டுக் கணக்கில் கிடைப்பது ஏறத்தாழ ஒரு மாத இடைவெளி மட்டுமே. ஒற்றைத் தேதியைக் கேட்டு அடம்பிடிக்கும் தரவுத்தளம், ஆய்வாளரைப் பொய் சொல்லவைக்கிறது.

ஆகவே 'ஆட்சியாண்டு 25, நாள் 275' என்பது மூலத்தில் உள்ளவாறே ஓரிடத்தில் நிற்க வேண்டும். முந்தைய எல்லை, பிந்தைய எல்லை என இரு மதிப்புகள் இன்னோரிடத்தில் வர வேண்டும். அந்த எல்லைகள் யாருடைய கணிப்பால் வந்தவை என்பதும் இணைய வேண்டும். நாளை ஒருவர் முடிசூடிய நாளை ஒரு வாரத்துக்குள் குறுக்கிவிட்டால், எல்லைகளைத் திரும்பக் கணக்கிட்டால் போதும். மூலப் பதிவைத் தொட வேண்டியதில்லை. இக்கோயிலில் '29ஆம் ஆண்டு வரை' கொடுக்கப்பட்டவை என்று சொல்லும் கல்வெட்டுகளும் உள்ளன. அவற்றுக்குப் பிந்தைய எல்லை மட்டும் இருக்கும். முந்தைய எல்லையை வெற்றாக விட மாதிரி இடமளிக்க வேண்டும்.

பெயர் வேறு, ஆள் வேறு

குந்தவை என்ற பெயர் கல்வெட்டில் வந்தால் அது யார்? இராஜராஜனின் தமக்கை, வல்லவரையர் வந்தியதேவரின் தேவி, குந்தவை. வேங்கி நாட்டு விமலாதித்தனை மணந்த இராஜராஜனின் மகளும் குந்தவையே. எனவே பெயர்வழக்கு ஓர் உருபொருளாகவும், மாந்தர் வேறோர் உருபொருளாகவும் இருக்க வேண்டும். இரண்டையும் இணைப்பது ஆய்வாளரின் அடையாளப்படுத்தல். மூவேந்தவேளான் போன்ற பட்டங்களில் இது இன்னும் கடினம். ஒரே பட்டம் வெவ்வேறு ஊர்களைச் சேர்ந்த பலருக்கு இருந்தது.

நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகியோர் 1978இல் சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களுக்கு ஓர் அடைவை வெளியிட்டனர். பெயரை, அது வரும் கல்வெட்டோடு சேர்த்துத் தனி அலகாகப் பதிவதன் பயனை அதில் காணலாம். ஆள்களை முதலிலேயே முடிவுசெய்துவிட்டால், பெயர்களையும் பட்டங்களையும் எண்ணிப் பார்க்கும் ஆய்வுக்கு வழியே இருக்காது.

இடத்துக்கும் இதே முறைதான். வளநாடு, நாடு, ஊர் என்னும் அடுக்கு சோழர் காலம் முழுவதும் ஒன்றுபோல் இருக்கவில்லை. வளநாடுகள் சிலவற்றின் பெயர்கள் முதலாம் குலோத்துங்கன் காலத்தில் மாறின. வரைபடத்தில் இன்று வரையப்படும் நாட்டு எல்லைகள், ஊர்களை இன்றைய ஊர்களோடு பொருத்திப் பெற்ற மீட்டுருவாக்கம். அவற்றைக் கல்வெட்டுச் சான்றாகப் பதியக் கூடாது.

அளவைகளைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். தஞ்சையில் பொன்னை ஆடவல்லான் என்னும் கல்லாலும், அணிகலன்களைத் தட்சிணமேருவிடங்கன் என்னும் கல்லாலும் நிறுத்தனர். 'கழஞ்சு' என்று மட்டும் பதிந்து உடனே கிராமுக்கு மாற்றிவிட்டால், எந்த எடைக்கல் என்ற செய்தி அழிந்துவிடும். எண், அலகு, எடைக்கல் மூன்றும் பதிவில் இருக்கட்டும். கிராம் கணக்கு தனியே வரட்டும்.

கூற்று என்னும் உருபொருள்

இந்தக் கோயிலைக் கட்டியவர் யார் என்பதே ஒரு காலத்தில் தெளிவாக இல்லை. தலபுராணம் கரிகாலனைச் சொன்னது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹூல்ஷ் கல்வெட்டுகளைப் படித்து வெளியிட்ட பிறகே, கட்டியவன் இராஜராஜன் என்பது உறுதியானது. அன்று ஒரு தரவுத்தளம் இருந்து, 'கட்டியவர்' கட்டத்தில் கரிகாலன் என்று இருந்திருந்தால், திருத்துபவர் அதை அழித்து இராஜராஜன் என்று எழுதியிருப்பார். தவறு நீங்கியிருக்கும். ஆனால் அப்படி ஒரு மரபு இருந்தது என்ற செய்தியும் கூடவே நீங்கியிருக்கும். தலபுராணங்களை ஆய்பவருக்கு அது பெரிய இழப்பு.

எனவே 'கட்டியவர்' என்பதை ஒரு கட்டமாக வைக்காமல், கூற்று என்னும் உருபொருளாக வைப்பது நல்லது. எதைப் பற்றிய கூற்று, என்ன சொல்கிறது, யார் சொன்னது, எச்சான்றின் அடிப்படையில், எப்போது என்பவை அதன் பண்புகள். ஒன்றுக்கொன்று முரணான இரு கூற்றுகள் அருகருகே இருக்கலாம். எது ஏற்கப்படுகிறது என்பது மூன்றாவது கூற்று. சிடோக் மாதிரியில் இதற்கெனப் 'பண்பேற்றம்' என்று பொருள்படும் ஈ13 என்னும் வகுப்பு உள்ளது. எல்லாவற்றையும் இப்படிப் பதிந்தால் வேலை பல மடங்காகும் என்பது உண்மை. கருத்து வேறுபாடு உள்ள இடங்களுக்கும், சான்றிலிருந்து ஊகித்துப் பெற்ற மதிப்புகளுக்கும் மட்டும் இதைக் கையாள்வது நடைமுறைக்கு ஏற்றது.

சோதித்துப் பார்த்தல்

மாதிரியை வரைவதற்கு முன்பே, அது விடை தர வேண்டிய கேள்விகளை எழுதிக்கொள்வது வழக்கம். தஞ்சைக் கோயிலில் அமர்த்தப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பட்டியல் இதற்கு நல்ல களம். தெரு, சிறகு, வீட்டின் வரிசை எண், பெண்ணின் பெயர், முன்பு இருந்த கோயில் என்று கல்வெட்டே ஓர் அட்டவணை போல அமைந்துள்ளது. 'திருவாரூர்க் கோயில்களிலிருந்து வந்தவர்கள் ஒரே தெருவில் குடியமர்த்தப்பட்டார்களா?' என்று கேட்டுப் பார்க்கலாம். பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் 'ஊர்' என்று ஒரே ஒரு கட்டம் வைத்த மாதிரியால் இதற்கு விடை தர முடியாது. வந்த ஊரும் வாழும் தெருவும் அதில் கலந்துவிடும். இடப்பெயர்வை ஒரு நிகழ்வாகக் கொண்டு, புறப்பட்ட கோயில், சேர்ந்த தெரு, வீடு எனப் பிரித்த மாதிரியில் ஒரே தேடலில் விடை கிடைக்கும்.