ரசிகன் கையில் ஒரு ரேடியோ

1983-இல் ஒரு மாலை நேரம். பிபிசி ரேடியோ 1-இல் பேசிக்கொண்டிருந்த அறிவிப்பாளர் ஜான் பீல், பசிக்கிறது, காளான் பிரியாணி கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று வாய்விட்டுச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பில்லி பிராக் என்ற இளம் பாடகரும் ஒருவர். ஓடிப்போய்ப் பிரியாணி வாங்கினார். புதிதாக வந்திருந்த தன் இசைத்தட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வானொலி நிலைய வாசலில் போய் நின்றார். பீல் அந்தத் தட்டிலிருந்து ஒரு பாட்டைப் போட்டார், தவறான வேகத்தில். பிரியாணி வந்திராவிட்டாலும் இதைப் போட்டிருப்பேன் என்று சொல்லவும் அவர் மறக்கவில்லை.

பிரிட்டிஷ் இண்டி (சுயாதீன) இசை ரசிகர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை இது. எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அலுப்பதில்லை. ஊர் பேர் தெரியாத ஒரு பாடகன் நேரே வாசலுக்குப் போகலாம், கொடுத்தால் அந்த மனிதர் கேட்பார், பிடித்தால் அன்றைக்கே நாடு முழுக்கப் போட்டுக்காட்டுவார் என்று நம்பும்படி ஒரு தேசிய வானொலி இருந்திருக்கிறது. 37 ஆண்டுகள் அப்படி இருந்தது. அதற்குக் காரணம், மைக்குக்கு முன்னால் ஒரு ரசிகர் உட்கார்ந்திருந்தார்.

பஞ்சு வியாபாரி மகன்

பீலின் இயற்பெயர் ஜான் ரேவன்ஸ்கிராஃப்ட். 1939-இல் லிவர்பூலுக்கு அருகே ஹெஸ்வாலில் பிறந்தவர். அப்பா பஞ்சு வியாபாரி. இருபது வயதையொட்டி அமெரிக்காவுக்குப் போனவரை டெக்சாஸில் பீட்டில்ஸ் அலை தூக்கிவிட்டது. லிவர்பூல் பக்கத்துக்காரர் என்றாலே அப்போது அமெரிக்க ரேடியோக்காரர்கள் கதவைத் திறந்தார்கள். 1967-இல் நாடு திரும்பி, கடலில் நங்கூரமிட்ட கப்பலிலிருந்து ஒலிபரப்பிய ‘ரேடியோ லண்டன்’ என்ற கடற்கொள்ளை வானொலியில் நள்ளிரவு நிகழ்ச்சி நடத்தினார். அந்த ஆகஸ்டில் புதுச் சட்டம் வந்து, பெரும்பாலான கப்பல் வானொலிகளின் கதை முடிந்தது. இளைஞர்களை இழக்க விரும்பாத பிபிசி, செப்டம்பர் 30 அன்று ரேடியோ 1-ஐத் தொடங்கியது. ஆரம்ப அணியிலேயே பீல் இருந்தார். கூட வந்தவர்கள் ஒவ்வொருவராக விலகிப்போனார்கள். 2004-இல் இறக்கும்வரை அவர் அங்கேயே இருந்தார்.

அவர் வீட்டில் 26,000 எல்பி தட்டுகளும் 40,000 சிங்கிள்களும் இருந்தன. தபாலில் வரும் டெமோ கேசட்டுகள் இந்தக் கணக்கில் சேராது. சஃபோக்கின் கிராமத்து வீட்டிலிருந்து லண்டனுக்குக் காரோட்டிப் போகும்போதும் வரும்போதும் அவற்றைக் கேட்டுக்கொண்டே போவார். கேட்காமல் தேங்கிக் கிடக்கும் கேசட்டுகள் அவர் மனதை உறுத்தின. அதில் எது அடுத்த நல்ல பாட்டோ, யாருக்குத் தெரியும்?

கட்டுப்பாடு தந்த வரம்

பீலின் பெயரைக் காலத்துக்கும் நிற்கவைத்தவை ‘பீல் செஷன்ஸ்’. சுமார் 2,000 கலைஞர்கள், 4,000-க்கும் மேற்பட்ட ஒலிப்பதிவுகள். இவ்வளவு பெரிய களஞ்சியம் உருவானதற்குப் பின்னால் ஒரு தொழிற்சங்க ஒப்பந்தம் இருக்கிறது.

இசைத்தட்டுகளை ரேடியோவில் நாள் முழுக்க ஓடவிட்டால் வாத்தியக்காரர்களின் பிழைப்பு என்னாவது என்று பிரிட்டனின் இசைக்கலைஞர் சங்கம் அஞ்சியது. தட்டு விற்பனை படுத்துவிடுமோ என்று இசைக் கம்பெனிகளும் அஞ்சின. ஆகவே, பிபிசி இத்தனை மணி நேரம்தான் தட்டுகளைப் போடலாம் என்று வரையறை வைத்தார்கள். ‘நீடில் டைம்’ என்று அதற்குப் பெயர். மீதி நேரத்தை நேரடி வாசிப்பையோ, ஸ்டுடியோவுக்கு வரவழைத்துப் பதிவுசெய்த பாட்டுகளையோ கொண்டு நிரப்பியாக வேண்டும். மற்ற நிகழ்ச்சிகள் இதைத் தலைவலியாகப் பார்த்தன. பீலும் அவருடைய தயாரிப்பாளர் ஜான் வால்டர்ஸும் அந்த நேரத்தை, தட்டு வெளியிடவே வழியில்லாத குழுக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 1988-இல் அந்தக் கட்டுப்பாடு ஒழிந்தது. செஷன்கள் மட்டும் தொடர்ந்தன.

பெரும்பாலான பதிவுகள் நடந்த இடம் மேற்கு லண்டனின் மைடா வேல் ஸ்டுடியோ. 1909-இல் ரோலர் ஸ்கேட்டிங் அரங்கமாகக் கட்டிய நீளமான வெள்ளைக் கட்டடம். 1930-களில் பிபிசி கைக்கு வந்தது. குழு வேனில் வந்து இறங்கும். டிரம்ஸை, ஆம்ப்ளிஃபையரைத் தாங்களே தூக்கிக்கொண்டு உள்ளே போவார்கள். வழக்கமாக நான்கு பாட்டு. வாத்தியம், குரல், மேல்பதிவு, மிக்ஸிங் எல்லாம் ஒரே நாளில் முடிய வேண்டும். சரியாக வராத வரியை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது. அதே கட்டடத்தின் பெரிய கூடத்தில் பிபிசி சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ரா ஒத்திகை பார்க்கும். இன்னொரு அறையில் பர்மிங்ஹாம் ‘நேபாம் டெத்’ குழு, சில நொடிகளே ஓடும் பாட்டுகளை உச்சகட்ட இரைச்சலில் பதிவுசெய்யும். இரண்டும் மக்கள் பிபிசிக்காகக் கட்டிய உரிமக் கட்டணத்தில் நடந்தவை. வந்த குழுவுக்குச் சங்க விகிதப்படி சம்பளமும் உண்டு.

‘ஜாய் டிவிஷன்’ 1979 ஜனவரியில் பதிவுசெய்த செஷனைக் கேளுங்கள். அவர்களின் முதல் ஆல்பம் அதே ஆண்டு பின்னால்தான் வந்தது. ஆல்பத்தில் தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானட் ஒவ்வொரு சத்தத்தையும் தனித்தனியே பிரித்து, குளிர்ந்த வெற்றிடம் ஒன்றில் நிறுத்தியிருப்பார். செஷனில் அந்த இடைவெளி இல்லை. நான்கு பேர் ஒரே அறையில் தோளோடு தோள் உரச வாசிக்கிறார்கள். பேஸ் கிட்டார் முன்னே வந்து இழுக்க, டிரம்ஸ் பின்னாலிருந்து தள்ளுகிறது. ஒரு சிறு மேடையில் அவர்கள் எப்படி ஒலித்திருப்பார்கள் என்பதற்கு இதைவிட நெருக்கமான சாட்சி கிடைப்பது அரிது. செஷன்களின் மதிப்பே இதுதான். கச்சேரியின் சூடும் ஸ்டுடியோவின் தெளிவும் ஒன்றாகச் சேர்ந்த அந்த இடம்.

அடுத்தடுத்து இரண்டு முறை

வட அயர்லாந்தில் குண்டுவெடிப்புகளும் சோதனைச் சாவடிகளும் அன்றாடமாகிப் போன காலம். டெர்ரி நகரத்துப் பையன்கள் ஐந்து பேர் ‘தி அண்டர்டோன்ஸ்’ என்று ஒரு குழு வைத்திருந்தார்கள். பெல்ஃபாஸ்டில் ‘குட் வைப்ரேஷன்ஸ்’ என்ற தட்டுக் கடையை நடத்திய டெரி ஹூலி, கடைப் பெயரிலேயே ஒரு லேபிளும் வைத்து அவர்களின் தட்டை 1978-இல் வெளியிட்டார். லண்டனுக்குக் கொண்டுபோய்க் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார். யாரும் சீந்தவில்லை. பீலுக்கென்று ஒரு பிரதி போய்ச் சேர்ந்தது.

அந்தச் செப்டம்பரில் ஓர் இரவு, அந்தத் தட்டிலிருந்த ‘டீனேஜ் கிக்ஸ்’ என்ற இரண்டரை நிமிடப் பாட்டை பீல் போட்டார். முடிந்ததும் மறுபடியும் அதையே போட்டார். அமெரிக்காவின் ‘சையர்’ கம்பெனித் தலைவர் சீமோர் ஸ்டைன் காரில் போகும்போது பீல் நிகழ்ச்சியில் அதைக் கேட்டு, உடனே டெர்ரிக்கு ஆளனுப்பி ஒப்பந்தம் போட்டார். அடுத்த மாதமே பையன்கள் நாடே பார்க்கும் ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ தொலைக்காட்சி மேடையில் நின்றார்கள். பீலுக்கு ஆயுள் முழுக்கப் பிடித்த பாட்டு அதுதான். அவருடைய கல்லறைக் கல்லில் அதன் வரியொன்று பொறித்திருக்கிறது.

தனி ஆள் ஒருவரின் தட்டுக் கடை, கடன் வாங்கி அடித்த சில ஆயிரம் பிரதிகள், இரவு வானொலி. பெரிய கம்பெனி தயவில்லாமல் இசை மக்களிடம் போய்ச் சேரும் பாதை அந்த ஆண்டுகளில்தான் உருவானது. மான்செஸ்டரின் ‘பஸ்காக்ஸ்’ 1977 தொடக்கத்தில் 500 பவுண்டு கைமாற்று வாங்கி, சொந்தமாகவே ‘ஸ்பைரல் ஸ்கிராட்ச்’ தட்டை வெளியிட்டு வழிகாட்டியது. லண்டனில் ஜெஃப் டிராவிஸ் தொடங்கிய ‘ரஃப் டிரேட்’ கடை அதுபோன்ற தட்டுகளை விற்றது, பிறகு நாடெங்கும் விநியோகிக்கவும் செய்தது. 1980 ஜனவரியில் சுயாதீன லேபிள்களுக்கென்றே தனி விற்பனைப் பட்டியல் வந்தது. ராத்திரி பீல் போட்ட குழு, அடுத்த வாரம் நம் ஊர் பப்பின் பின்கட்டில் வாசிக்கும். காலையில் பள்ளியில் அதைப் பற்றியே பேச்சு. ரேடியோ, கடை, மேடை மூன்றும் ஒன்றையொன்று தாங்கின. ஒன்றை உருவிவிட்டால் மற்ற இரண்டும் தள்ளாடும்.

ரசிகர்களையும் மாற்றியவர்

பீல் நேயர்களுக்குப் பிடித்ததை மட்டும் போட்டவர் அல்லர். 1976-இல் ‘ரமோன்ஸ்’ குழுவின் முதல் ஆல்பத்தை அவர் போட ஆரம்பித்ததும், இந்தக் கண்றாவியை இனிப் போடாதே என்று கடிதங்கள் குவிந்தன. அவர் இன்னும் அதிகமாகப் போட்டார். அந்த ஆண்டுதான் நேயர் வாக்கெடுப்பான ‘ஃபெஸ்டிவ் ஃபிஃப்டி’ தொடங்கியது. முதலிடம் லெட் செப்பலினின் ‘ஸ்டெயர்வே டு ஹெவன்’. 1978-இல் முதலிடம் செக்ஸ் பிஸ்டல்ஸின் ‘அனார்க்கி இன் தி யூகே’. இரண்டே ஆண்டில் ஒரு நிகழ்ச்சியின் நேயர் கூட்டமே தலைகீழாகிவிட்டது. எனக்குத் தெரிந்து ரேடியோவில் நடந்த துணிச்சலான காரியங்களில் இது முதல் வரிசையில் வரும். நேயரை இழந்தாலும் பரவாயில்லை, நல்ல பாட்டை இழக்கக் கூடாது என்று ஒருவர் நினைத்தார். விளம்பர வருமானத்தை நம்பாத ஒரு நிலையம் அதற்கு இடம் கொடுத்தது.

மொழியும் அவருக்குத் தடையாக இருக்கவில்லை. 1980-களில் வெல்ஷ் மொழியில் ராக் பாடிய ‘அன்ஹ்ரெவ்ன்’, ‘டட்பிளிகி’ போன்ற குழுக்களை அழைத்துப் பதிவுசெய்தார். பேசுவோர் சுமார் ஐந்து லட்சம் பேரே உள்ள மொழி அது. இங்கிலாந்து முழுக்க ஒலிக்க வேண்டுமானால் ஆங்கிலத்துக்கு மாறு என்று அந்தப் பையன்களிடம் எல்லோரும் சொன்ன காலத்தில், லண்டன் ரேடியோவில் அவர்களின் தாய்மொழி ஒலித்தது. ஜிம்பாப்வேயின் ‘புண்டு பாய்ஸ்’ கிட்டார்களும் அதே நிகழ்ச்சியில் இடம்பிடித்தன. ஜமைக்காவின் ரெகே, டெட்ராய்ட்டின் டெக்னோ, வெல்ஷ் பங்க் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எந்த விளக்கமும் இருக்காது. கேளுங்கள், அவ்வளவுதான்.

அன்றைய நிகழ்ச்சிகளை நேரலையில் கேட்கும் பேறு எனக்கு வாய்க்கவில்லை. அந்தக் கால நேயர்கள் கேசட்டில் பிடித்து வைத்தவைதான் வழி. அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, பீல் பேச வாயெடுக்கும் கணத்தில் ‘டக்’கென்று அறுந்துபோகும் குரல். பதிவு பட்டன் மேல் விரலை வைத்தபடி, பாட்டு மட்டும் வேண்டுமென்று காத்திருந்த யாரோ ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையின் வேலை அது. அந்த அறுபடும் ஓசைக்குள் ஒரு தலைமுறையின் தாகம் முழுக்க எனக்குக் கேட்கிறது.

காத்திருக்கத் தெரிந்த காது

1981-இல் ஷெஃபீல்டில் பள்ளி மாணவராக இருந்த ஜார்விஸ் காக்கர், ஊருக்கு வந்த பீலின் கையில் ஒரு டெமோ கேசட்டைத் திணித்தார். அவருடைய ‘பல்ப்’ குழு அந்த ஆண்டே செஷனுக்கு அழைக்கப்பட்டது. அடுத்த அழைப்பு 1993-இல், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து! இடையில் புகழும் இல்லை, பணமும் இல்லை, குழு கலையவில்லை. 1995-இல் ‘காமன் பீப்பிள்’ பாட்டோடு கிளாஸ்டன்பரி விழாவின் முதன்மை மேடையில் நின்றது. மான்செஸ்டரின் ‘தி ஃபால்’ 1978 முதல் 2004 வரை 24 செஷன்கள் பதிவுசெய்தது. பாடகர் மார்க் இ. ஸ்மித்தைத் தவிர ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். பீலின் பிரியம் மாறவில்லை. 24 செஷன்களையும் வரிசையாகக் கேட்டால் ஒரு குழுவின் ஆயுளையே கேட்டதுபோல இருக்கும். இப்படிப் பின்தொடர்வதற்கு ரசிகருக்கு மட்டுமே பொறுமை இருக்கும்.

2004 அக்டோபர் 25 அன்று, பெருவின் குஸ்கோ நகரில் மாரடைப்பால் பீல் காலமானார். வயது 65. மறு ஆண்டு அக்டோபரில் அவர் நினைவாக பிரிட்டன் முழுக்க நூற்றுக்கணக்கான சிறு மேடைகளில் குழுக்கள் வாசித்தன. கிளாஸ்டன்பரியின் புதுக் குழுக்களுக்கான கூடாரத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

அஞ்சலியோடு எல்லாம் முடிந்துவிடவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய நிம்மதி. மாற்று இசைக்கென்று 2002-இல் பிபிசி தொடங்கிய ‘6 மியூசிக்’ டிஜிட்டல் நிலையத்தைச் செலவைக் காரணம் காட்டி மூடப்போவதாக 2010 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. நேயர்கள் கொதித்தெழுந்தார்கள். பிபிசி தலைமையகத்தின் வாசலில் திரண்டார்கள், கடிதங்கள் எழுதினார்கள், இசைக்கலைஞர்களும் சேர்ந்துகொண்டார்கள். மூடப்போகிறார்கள் என்ற செய்தியாலேயே புது நேயர்கள் வந்து சேர, வாராந்திர எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியது. ஜூலையில் பிபிசி அறக்கட்டளை மூடல் திட்டத்தை நிராகரித்தது. இன்றும் அந்த நிலையம் ஒலிக்கிறது. ‘தி ஃபால்’ குழுவில் வாசித்த மார்க் ரைலியும், பீலின் மகன் டாம் ரேவன்ஸ்கிராஃப்டும் அங்கே நிகழ்ச்சி நடத்தியிருக்கிறார்கள்.

ஒரு வானொலியைத் தங்கள் சொத்தாக நினைத்து மக்கள் தெருவுக்கு வந்தார்கள் என்றால், அந்த உரிமையுணர்வை முப்பத்தேழு ஆண்டுகளாக விதைத்தவர் பீல். இன்று நம் கைபேசி, நாம் நேற்று கேட்டதை வைத்து இன்றைய பாட்டைத் தேர்ந்தெடுத்துத் தருகிறது. நேற்றுவரை பெயரே கேள்விப்படாத ஒரு குழுவை நமக்காகக் கேட்டு, பிடித்துப்போய், இரண்டாம் முறையும் போட இன்னொரு மனிதர் வேண்டியிருக்கிறது. அந்த வேலையைச் செய்ய வானொலி நிலையம் கட்டாயமில்லை. தெரியாத குழு வாசிக்கும் சிறு அரங்கத்துக்கு டிக்கெட் வாங்கிப் போங்கள். கச்சேரி முடிந்ததும் வாசல் மேசையில் விற்கும் தட்டை வாங்குங்கள். முழுதாகக் கேளுங்கள். பிடித்தால் நாலு பேரிடம் சொல்லுங்கள். நாலு பேரும் காது கொடுக்காவிட்டால் மறுபடியும் போட்டுக்காட்டுங்கள். புதிய இசை இதுவரை இப்படித்தான் பிழைத்து வந்திருக்கிறது.